சோடா பாட்டில் செய்த பாவம்

மனிதன் எதற்காகப் பிறந்தான் என்ற கேள்விக்கு எங்கள் தெருவிலேயே விடை கிடைக்கத் தொடங்கியது. அதற்கு முன்பு அதே இடத்தில் நாற்காலி கிடைத்துக்கொண்டிருந்தது.

நாற்காலிக் கடை நொடித்துப்போய் ஷட்டர் இறங்கியது. மறுபடி ஷட்டர் ஏறியபோது உள்ளே 'தெளிவு மன்றம்' இருந்தது. மன்றத்துக்குள் தெளிந்தவர் இருந்தார். அவருடைய பெயரே அதுதான். பெற்றவர்கள் வேறு ஏதாவது வைத்திருப்பார்கள், யாரும் கேட்கவில்லை. தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடை. சலவைக்காரருக்குத்தான் அவர் முதலில் அருள்வாக்கு சொல்லியிருக்க வேண்டும்.

வரிசை பேருந்து நிறுத்தம்வரை நீண்டது. பேருந்துக்கு நின்ற ஒருவர் வரிசை மாறி உள்ளே வந்து, தான் பிறந்த காரணத்தைத் தெரிந்துகொண்டு, வேலைக்குத் தாமதமாகப் போய்த் திட்டு வாங்கினார். "பரவாயில்ல சார். வாழ்க்கையில முதல் தடவையா எதுக்கு லேட்டுன்னு தெரிஞ்சு லேட்டா போனேன்" என்றார்.

முறை எளிது. மூலையில் ஒரு பெரிய கேன். அதன் மூடி எப்போதும் இறுக்கமாக இருக்கும். காற்று பட்டால் ஊர்ப் பாவம் எல்லாம் நீரில் ஒட்டிக்கொள்ளுமாம். அதிலிருந்து ஒரு கண்ணாடித் தம்ளரில் தெளிந்த நீர் பிடித்துத் தருவார்கள். கூடவே ஓர் உறிஞ்சுகுழாய். உங்கள் மனத்தை அரிக்கும் விஷயத்தை நினைத்துக்கொண்டு குழாய் வழியே நீருக்குள் ஊத வேண்டும். பாவம் இருந்தால் நீர் வெளுத்துக் கலங்கும்.

எல்லாருக்கும் கலங்கியது. ஊதிய ஒருவருக்குக்கூடத் தவறவில்லை. ஊரில் இவ்வளவு சமத்துவம் வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

கலங்கியதும் தெளிந்தவர் கண்ணை மூடுவார். உங்கள் பிறவிப் பயன் என்ன என்று சொல்வார். "மனசார ஏத்துக்கிட்டேன்னு நினைச்சு, விடாம ஊது" என்பார். ஊத ஊத அந்த வெண்மை கரைந்து நீர் பழையபடி தெளியும். கண்ணெதிரே பாவம் வருகிறது. கண்ணெதிரே பாவம் போகிறது. பெரிய பெரிய மனிதர்கள் தம்ளரைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

கொத்தனாரின் பிறவிப் பயன், மன்றத்துக்குப் பின்சுவர் கட்டுவது. எலக்ட்ரீஷியனின் பிறவிப் பயன், சுவர் எழும்பியதும் அந்த அறைக்கு ஏசி மாட்டுவது. டாக்ஸிக்காரர் பிறந்ததே வண்டியோடு வந்து வாசலில் நிற்கத்தான். ஒரு வங்கி மேலாளருக்கு மட்டும் வெகுநாள் எதுவும் புலப்படவில்லை. பெயின்டர் தன் பிறவிப் பயனை முடித்துவிட்டுப் போன மறுநாள் புலப்பட்டது: தரையில் சிந்திய பெயின்டைச் சுரண்டுவது. மனிதர் முட்டி போட்டுச் சுரண்டினார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

சிரித்துவிட்டுப் போயிருப்பேன். என் அக்காவும் போய் ஊதிவிட்டு வந்தாள்.

அக்கா நர்ஸ். வீட்டில் அவள் பேசுவது எனக்கே சரியாகக் கேட்காது. வார்டில் அவளுக்கு வேறு குரல். "மூச்சை நல்லா இழுங்க… விடுங்க" என்றால், நோயாளியோடு அவரைப் பார்க்க வந்தவர்களும் சேர்ந்து இழுத்து விடுவார்கள்.

அந்த வார்டில் ஒரு வயதான தபால்காரர் கொஞ்ச நாளாகப் படுத்திருந்தார். அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "போய் டீ குடிச்சுட்டு வாம்மா, முகமே வாடிப்போச்சு" என்று அவரே அனுப்பினாராம்; பக்கத்துப் படுக்கைக்காரர் சொன்னார். அவள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் இறந்துபோனார். நீ இருந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். தபால்காரரின் மகன் அக்காவின் கையைப் பிடித்து நன்றி சொன்னார். அக்கா மட்டும் அக்காவை விடவில்லை.

"கடைசியா அவர் திரும்பிப் பார்த்தப்போ வெறும் நாற்காலிதான்டி இருந்திருக்கும்" என்றாள்.

அந்த நினைப்போடுதான் ஊதினாள். நீர் கலங்கியது. தெளிந்தவர் கண்ணை மூடினார். "உன் பிறவி ஆஸ்பத்திரிக்கு இல்லம்மா. ஒரே ஒரு உயிரைக் கவனிச்சுக்கத்தான் நீ வந்திருக்கே" என்றார். அந்த ஒரே உயிர் மாடியில் இருந்தது. தெளிந்தவரின் மாமியார். படுத்த படுக்கை. பார்த்துக்கொள்ள வந்தவர்கள் யாரும் நிலைக்கவில்லை.

அக்கா யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். உடனே தம்ளரைப் பிடுங்கி, மூடி போட்டு, 'நர்ஸ்' என்று சீட்டு ஒட்டி அலமாரியில் வைத்துவிட்டார்கள். அங்கே இப்படி ஒரு வரிசை இருந்தது. யோசிக்கிறேன் என்று சொன்னவர்களின் பாவங்கள்.

"உன் பாவம் இங்கதான் இருக்கும். வேலையை விட்டுட்டு வா. வந்து ஊது. தெளிஞ்சிடும்."

அக்கா விடுப்பு எடுத்தாள். சாப்பாடு குறைந்தது. ராஜினாமா கடிதம் எழுதிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

நான் சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்பு கொஞ்சம் வாங்கி வந்து நீரில் கலக்கினேன். அடியில் படியவிட்டு, மேலே நின்ற தெளிந்த நீரை ஒரு தம்ளரில் எடுத்தேன். அவள் முன்னால் ஊதினேன். கலங்கியது. இன்னும் ஊதினேன். தெளிந்தது.

"பாத்தியாக்கா? நாம வெளியில விடுற மூச்சுக்கு இதுதான் ஆகும். யார் ஊதினாலும் ஆகும்."

அக்கா தம்ளரை வெகுநேரம் பார்த்தாள். "இது நீ பண்ணின தண்ணிடி. அவரோடது வேற."

படித்த ஒருவர் சொன்னால் கேட்பாள் என்று வேதியியல் சாரைத் தேடிப் போனேன். எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அவர்தான் பாடம் நடத்தியவர். அவரும் மன்றத்தில்தான் இருந்தார். அவருக்கும் பிறவிப் பயன் சொல்லியாகிவிட்டது: மௌனம். தெளிந்தவரைச் சும்மா சொல்லக் கூடாது. ஆள் பார்த்துத்தான் கொடுத்திருக்கிறார்.

"சார், இந்தப் பாடத்தை நீங்கதானே நடத்துனீங்க?" என்று மெதுவாகக் கேட்டேன்.

சார் இரு பக்கமும் பார்த்தார். "அது லேப்லம்மா" என்று கிசுகிசுத்தார். "இது மன்றம்." திரும்ப மௌனமாகிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா கைப்பையோடு கிளம்பினாள். நானும் கிளம்பினேன். என் பைக்குள் ஒரு பிளாஸ்டிக் சோடா பாட்டில். மூடியில் ஓட்டை போட்டு, மெல்லிய குழாயைச் சொருகி, சுற்றி மெழுகு உருக்கி அடைத்து, குழாய் நுனியை மடக்கிக் கிளிப் போட்டிருந்தேன். எனக்குக் கூட்டத்தில் பேச்சு வராது. சோடாவுக்கு அந்தக் கூச்சம் கிடையாது.

எங்கள் முறை வந்தது. கேனிலிருந்து ஒரு தம்ளர் நீர் பிடித்து என்னிடம் நீட்டினார்கள்.

"எனக்கு ஊத பயமா இருக்குங்க" என்றேன். "எனக்கு பதிலா இது ஊதட்டும்."

யாரும் தடுப்பதற்குள் பாட்டிலைக் குலுக்கி, குழாயை நீருக்குள் விட்டு, கிளிப்பை எடுத்தேன். குமிழிகள் குபுகுபுவென்று கிளம்பின. நீர் வெள்ளையாகக் கலங்கியது.

மன்றம் எட்டிப் பார்த்தது.

"அட, சோடாவுக்கே பாவம் இருக்குய்யா!" என்றார் எலக்ட்ரீஷியன்.

தெளிந்தவர் அசரவில்லை. "அது வித்தவனோட பாவம்" என்றார்.

வரிசையில் பின்னால் நின்ற சோடாக் கடைக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. "யோவ், நான் என்னய்யா பண்ணேன்? பாட்டிலுக்கு வெளியில எழுதியிருக்குற விலைக்குத்தானே விக்கிறேன்?"

"அப்போ பிடிச்ச கையோட பாவம்."

நான் இன்னொரு முறை குலுக்கினேன். குமிழி ஓட ஓட நீர் தெளிந்தது. "தெளிஞ்சிடுச்சுங்க" என்றேன். "சோடா எதை மனசார ஏத்துக்கிச்சு?"

எங்கோ ஒருவர் சிரித்தார். பிறகு நாலு பேர் சிரித்தார்கள். தெளிந்தவரின் முகம் முதன்முறையாகக் கலங்கியது.

"பாவமே இல்லாதவங்க ஊதினா கலங்காதுங்களா?" என்று கேட்டேன்.

"கலங்காது. தினமும் காலையில நான் ஊதிக் காட்டுறேனே, தெரியாதா?"

"அது நீங்க தனியா வெச்சிருக்குற கூஜாத் தண்ணிங்க. எங்க கேன் தண்ணியில ஊதுங்களேன்."

உதவிக்கு வந்தவர் கொத்தனார். அவருக்கு என்மேல் கடுங்கோபம். "ஊதுங்க சாமி! ஒரே ஊதுல இந்தப் பொண்ணு வாயை அடைங்க!" என்று அவரே கேனைத் திறந்து ஒரு தம்ளர் பிடித்துத் தெளிந்தவரின் கையில் திணித்தார். நம்பிக்கை உள்ளவர்கள் இப்படித்தான். நாம் தள்ளத் தயங்கும் இடத்துக்கு அவர்களே தள்ளிவிடுவார்கள்.

தெளிந்தவர் குழாயை வாயில் வைத்தார். கன்னம் உப்பியது. கண் பிதுங்கியது. தம்ளரில் ஓர் அசைவும் இல்லை.

"பாத்தீங்களா! கலங்கவே இல்ல!" கொத்தனார் துள்ளினார். மன்றம் கைதட்டியது.

அதுவரை பேசாமல் நின்ற அக்கா ஓர் அடி முன்னால் வந்தாள். குனிந்து தம்ளரைப் பார்த்தாள். பிறகு தெளிந்தவரின் நெஞ்சைப் பார்த்தாள். மூச்சு வருகிறதா இல்லையா என்று பார்ப்பதுதான் அவளுடைய வேலை.

"குமிழி வரலையே" என்றாள். வீட்டுக் குரல் இல்லை. வார்டுக் குரல். "சும்மா வாயை உப்பக் கூடாது. மூச்சை நல்லா இழுங்க."

தெளிந்தவர் இழுத்தார். அந்தக் குரலுக்கு யாரும் இழுப்பார்கள். மன்றம் முழுக்க இழுத்தது.

"விடுங்க. நிறுத்தாதீங்க… இன்னும்… இன்னும் கொஞ்சம்… அவ்வளவுதான்."

தம்ளரில் நீர் வெள்ளை வெளேரென்று நின்றது.

ஓரத்திலிருந்து வேதியியல் சாரின் குரல் வந்தது. மௌனம் கலைந்ததை அவரே கவனிக்கவில்லை. கரும்பலகை முன் நிற்பதுபோல் ஒரு கையைத் தூக்கியிருந்தார்.

"கரியமில வாயு தெளிந்த சுண்ணாம்பு நீரை…"

"பால்போல் மாற்றும்!"

மன்றமே ஒரே குரலில் முடித்தது. கொத்தனார், எலக்ட்ரீஷியன், டாக்ஸிக்காரர், முட்டி போட்டிருந்த வங்கி மேலாளர், எல்லாரும். சொல்லி முடித்த பிறகுதான், தாங்கள் என்ன சொன்னோம் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எனக்கும்… ஏதோ கொஞ்சம்… போன பிறவியில…" என்று தெளிந்தவர் ஆரம்பித்தார்.

"அதனால என்ன சாமி?" என்றார் கொத்தனார். குரல் ரொம்பப் பணிவாக இருந்தது. "உங்க பிறவிப் பயன் இப்போ எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அந்தப் பின்சுவரை இடிக்கணும். செங்கல்லு தூக்க ஒரு ஆள் குறையுது. மனசார ஏத்துக்கிட்டு வாங்க."

அக்கா அலமாரியிலிருந்து தன் தம்ளரை எடுத்தாள். வெள்ளையெல்லாம் அடியில் மாவுபோல் படிந்து, மேலே நீர் தெளிந்திருந்தது. தொட்டியில் ஊற்றிவிட்டுத் தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். ராஜினாமா கடிதத்தை நான்காகக் கிழித்தாள். வாசலுக்கு வருவாள் என்று நான் திரும்பினால், அவள் மாடி ஏறிக்கொண்டிருந்தாள்.

மேலே கிழவியை ஒருபக்கமாகப் புரட்டிப் படுக்கவைத்தாள். முதுகைப் பார்த்தாள். தெளிந்தவரின் மனைவியைக் கூப்பிட்டு, "இப்படி ஒரே பக்கமா போடாதீங்க, புண்ணாயிடும். அடிக்கடி திருப்பி விடணும். உங்க வீட்டுக்காரர் இனிமே சும்மாத்தானே இருப்பாரு, அவரைத் திருப்பச் சொல்லுங்க" என்றாள்.

கிழவி கண்ணைத் திறந்தாள். "மாட்டிக்கிட்டானா?" என்று கேட்டாள்.

"மாட்டிக்கிட்டாரு பாட்டி."

"நல்லா வேணும்" என்று திருப்தியாகக் கண்ணை மூடிக்கொண்டாள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அக்கா கேட்டாள்: "அப்போ நான் அன்னைக்கு டீ குடிக்கப் போனது தப்பா, இல்லையாடி?"

"தெரியலக்கா. ஆனா அது தம்ளர்ல தெரியாது."

கொஞ்ச தூரம் நடந்தாள். "அவரேதான் போகச் சொன்னாரு" என்றாள். இத்தனை நாளில் அந்த வாசகத்தை அவள் வாயிலிருந்து அன்றுதான் கேட்டேன். மறுநாள் காலை வேலைக்குப் போனாள்.

மன்றத்தில் இருந்த அத்தனை பேரும் அந்த ஒரு வரியைப் பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள். மதிப்பெண்ணை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். விடையைப் பரீட்சைத் தாளிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம். அதைத்தான் யாரோ ஒருவர் எடுத்துக் கேனில் ஊற்றி நம்மிடமே நீட்டினார்.

இனி உங்கள் பிறவி எதற்கு என்று யாராவது கண்ணை மூடிக்கொண்டு சொன்னால், நீங்கள் கண்ணைத் திறந்துகொண்டு ஒன்றே ஒன்று விசாரியுங்கள். அவர் வீட்டில் இப்போது எந்த வேலைக்கு ஆள் இல்லை?