ரிப்பன் கட்டிய வழி

வர்க்கிச்சன் வண்டியைக் கிளப்பினார். ஜீப் உறுமியது, குலுங்கியது, பின்சக்கரங்கள் ஈரப் புல்லை வாரி வாரி இறைத்தன. ஆனால் வண்டி நின்ற இடத்திலேயே நின்றது.

காட்டுப்பாதை ஓட்டம் இன்னும் தொடங்கவே இல்லை. அவர்கள் மாட்டிக்கொண்டது, வண்டிகளை வரிசையாக நிறுத்தச் சொல்லியிருந்த மைதானத்தில். வாகமண் புல்மேட்டில் காத்திருந்த மற்ற ஜீப்புகள் எல்லாம் கொடி அசைந்ததும் ஒன்றன்பின் ஒன்றாகப் பனிமூட்டத்துக்குள் போய் மறைந்துவிட்டன. மிச்சம் இருந்தது இவர்களும், மைக்செட்டைக் கழற்றிக்கொண்டிருந்த ஓர் ஆளும்தான்.

"இறங்கித் தள்ளட்டுமா?" என்று கேட்டாள் பக்கத்தில் இருந்த மனைவி ரோசிலி.

"தள்ற அளவுக்கு ஒண்ணும் ஆகல" என்றார் வர்க்கிச்சன், ஸ்டியரிங்கை விடாமல்.

ஜீப் கூட்டத்தின் தலைவன் ஸ்கரியா, ரோசிலியின் சொந்தத் தம்பி. முதல் வண்டியில் புறப்படுவதற்கு முன் அவன் இவர்கள் ஜன்னலருகே வந்து குனிந்தான். வழி நெடுக மரத்துக்கு மரம் ரிப்பன் கட்டியிருக்கிறது, அதைப் பார்த்து வந்தால் போதும் என்று சொன்னான். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"முடியலேன்னா ஹோட்டலுக்குத் திரும்பிடுங்க சேச்சி. அளியனுக்கு முடியாதுன்னு எல்லாருக்கும் தெரியும். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

அக்காள் புருஷனைப் பற்றி அவன் சொன்ன அந்தக் கடைசி வார்த்தைதான் ரோசிலியின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

போன வருடம் வர்க்கிச்சனுக்கு நெஞ்சில் அடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். வைத்த டாக்டர் நடக்கச் சொன்னார், தோட்டத்துக்குப் போகச் சொன்னார். ஆனால் அயர்லாந்தில் நர்ஸாக இருக்கும் மகள் நிம்மி தினமும் வீடியோவில் வந்து, எழுந்திரிக்காதே, குனியாதே, கோபப்படாதே என்று அப்பாவைக் கண்ணாடிப் பாத்திரமாக ஆக்கிவிட்டாள். ரப்பர் தோட்டத்தைக் காலால் அளந்த மனுஷன் சோபாவில் உட்கார்ந்து தன் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்க்கத் தொடங்கினார். அப்படி இருந்தவர்தான் ஒருநாள் யாரிடமும் கேட்காமல் ஈராட்டுப்பேட்டைக்குப் போய் இந்தப் பழைய ஜீப்பை வாங்கிக்கொண்டு வந்தார். வீட்டில் பெரிய ரகளை. கடைசியில் நிம்மியும் ஸ்கரியாவும் போனிலேயே பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள்: இந்த வார ஓட்டத்தில் முதல் நாள் வழியை முடித்தால் வண்டி இருக்கட்டும், முடிக்காவிட்டால் ஸ்கரியா கொண்டுபோய் விற்றுவிடுவான்.

மைதானத்தையே தாண்ட முடியவில்லை என்ற செய்தி கூட்டத்துக்குப் போவதை ரோசிலியால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"இச்சாயா, அந்தக் குட்டைக் கம்பியை இழுத்தீங்களா?"

நாலு சக்கரமும் சேர்ந்து இழுப்பதற்கான கம்பி அது. காஞ்ஞிரப்பள்ளியில் வீட்டுக்கு வந்தவர் போனவருக்கெல்லாம் வர்க்கிச்சன் அதைப் பற்றி வகுப்பு எடுத்திருந்தார். இப்போது வெளியே எதையோ பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் கீழே விட்டு இழுத்தார். ஜீப் தவளை மாதிரி ஒரு தாவு தாவியது. நேராகப் போய் 'நல்வரவு' வளைவின் ஒரு காலைத் தட்டியது. துணி பானட்டின்மேல் விழுந்தது. மைக்செட்காரருடன் சேர்ந்து அதை மறுபடி நட்டுக் கட்டிவிட்டுக் கிளம்புவதற்குள், முன்னால் போன வண்டிகளின் சத்தம்கூடக் காதில் விழவில்லை.

தேயிலைத் தோட்டம் முடிகிற இடத்தில் வழி இரண்டாகப் பிரிந்தது. பனியில் பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. இடதுபக்க மரங்கள் மொட்டையாக நின்றன. வலதுபக்கம் ஒரு சில்வர் ஓக் மரத்தில் மஞ்சளும் ரோஸுமாக ரிப்பன் தொங்கியது.

"எந்தக் கலர்னு ஸ்கரியா சொன்னானா?" என்றார் வர்க்கிச்சன்.

கலரைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. ரிப்பன் என்றால் ரிப்பன்தான் என்றாள் ரோசிலி. வலதுபக்கம் திரும்பினார்கள்.

நல்லகாலமாகக் கொஞ்ச தூரத்திலேயே ஒரு ஜீப்பின் பின்புறம் கண்ணில் பட்டது. அதற்கு முன்னால் இன்னும் இரண்டு. ரோசிலிக்கு உயிர் வந்தது. கடைசி வண்டியில் ஆட்கள் பிதுங்கிக்கொண்டு இருந்தார்கள். பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு மூன்று பேர் தொங்கினார்கள்.

"பாத்தியா, எத்தனை பேரு! கனம் இருந்தாத்தான் டயர் மண்ணைக் கவ்வும்" என்றார் வர்க்கிச்சன், எல்லாம் தெரிந்தவராக. "அனுபவஸ்தங்க. இவங்க பின்னாடியே போனா நாம பொழைச்சோம்."

செம்மண் ஏற்றம் வந்தது. முன்வண்டிகள் வாலை ஆட்டிக்கொண்டு ஏறிவிட்டன. இவர்கள் வண்டி பாதியில் வழுக்கி, குறுக்காகத் திரும்பி, ஒரு சக்கரத்தை ஓடைக்குள் இறக்கிவிட்டது. வர்க்கிச்சன் எடுக்கப் பார்த்தார். இன்னொரு சக்கரமும் இறங்கியது. முன்வண்டியில் தொங்கிய ஆட்கள் இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து தோள்கொடுத்துத் தள்ளினார்கள். பட்டு ஜிப்பா போட்டிருந்த ஒருவருக்கு முகத்திலிருந்து முழங்கால்வரை சேறு அடித்தது. அவர் கண்ணை மட்டும் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் வேகமாக வரச் சொன்னார். மேலே எல்லாரும் காத்துக்கொண்டிருப்பார்கள் என்றார்.

"போட்டின்னா நேரம் முக்கியம்தானே" என்றாள் ரோசிலி மெதுவாக.

"அதை விடு. போட்டிக்கு வந்த மனுஷன் நம்ம வண்டியைத் தள்றான் பாரு. இதுக்குப் பேருதான் பெருந்தன்மை."

ஏற்றம் முடிந்ததும் ஆறு. பெரிய ஆறில்லை, ஆனால் பாறைகளுக்கு நடுவில் தண்ணீர் வேகமாக ஓடியது. முன்னால் போனவர்கள் மெதுவாக, நிறுத்தாமல் கடந்தார்கள். வர்க்கிச்சனுக்கு ஏற்றத்தில் பட்ட அவமானம் இருந்தது. வேகமாக இறக்கினார். தண்ணீர் பானட்டுக்கு மேல் எழும்பி உள்ளே கொட்டியது. நட்டாற்றில் இன்ஜின் ஒரு விக்கல் விக்கி அடங்கியது.

அந்த நேரம் பார்த்து ரோசிலியின் போன் அடித்தது. மலையில் எங்கும் கிடைக்காத சிக்னல் ஆற்றின் நடுவில் கிடைத்திருந்தது. நிம்மி.

"அப்பா என்ன பண்றார்?"

ரோசிலி தலையிலிருந்து தண்ணீர் சொட்டும் கணவரைப் பார்த்தாள்.

"குளிச்சிட்டிருக்கார் மோளே" என்று சொல்லிவிட்டுப் போனை அணைத்தாள்.

முன்வண்டிக்காரர்கள் கயிறு கொண்டுவந்து இவர்களுடைய பம்பரில் கட்டி இழுத்தார்கள். பம்பர் கரைக்குப் போனது. ஜீப் ஆற்றிலேயே இருந்தது. இரண்டாவது முறை சரியான கொக்கியைத் தேடிக் கட்டி இழுத்தபோது வண்டியும் பின்னாலேயே போனது. பம்பரைத் தூக்கிப் பின்சீட்டில் போட்டார்கள். பிளக்கைத் துடைத்து, ஊதி, மறுபடி கிளப்புவதற்குள் பட்டு ஜிப்பாக்காரர் கடிகாரத்தைப் பலமுறை பார்த்துவிட்டார்.

அடுத்து வந்ததுதான் பாறைச் சரிவு. பாறையும் வழுக்குப் பாசியும் ஒரு பக்கம் பள்ளமுமாக இருந்தது. பாரம் ஏற்றிய முன்வண்டி அதில் திணறியது. ஆட்கள் இறங்கி நடந்தார்கள். பிறகு பட்டு ஜிப்பாக்காரரும் இன்னொருவரும் வாய் கட்டிய ஒரு பெரிய அலுமினியப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு இவர்களிடம் வந்தார்கள். உள்ளே கோழிக்கறி, இன்னும் சுட்டது.

"உங்க வண்டியில இடம் இருக்கே. இதைக் கொட்டாமக் கொண்டுவந்துடுங்க சேச்சி. இதுல ஏதாவது ஆச்சுன்னா எங்க மானம் போயிடும்."

அவர்கள் போனதும் ரோசிலியின் கண் பளிச்சிட்டது. போன வருடம் ஜோடியாக வந்தவர்களுக்குக் கரண்டியில் முட்டையை வைத்துக் கொடுத்து வண்டி ஓட்டச் சொன்னார்கள் என்று ஸ்கரியாவின் மனைவி சொல்லியிருந்தாள்.

"இச்சாயா, இது டெஸ்ட்டு. இந்த வருஷம் முட்டை இல்ல, கறி."

வர்க்கிச்சனுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

அவள் பின்சீட்டுக்குப் போய், பம்பரை ஒரு காலால் தள்ளிவிட்டு, பாத்திரத்தை முழங்கால்களுக்கு நடுவில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள். வர்க்கிச்சன் ஏற்றினார். பாதி தூரம் போய் வண்டி பின்னால் வழுக்கியது. மறுபடி ஏற்றினார். முன்சக்கரம் ஒன்று அந்தரத்தில் எழும்பி, டம்மென்று விழுந்தது. பாத்திரத்தின் விளிம்பு வழியாகச் சூடான குழம்பு ரோசிலியின் மடியில் வழிந்தது. அவள் பல்லைக் கடித்தாள், கையை எடுக்கவில்லை.

வர்க்கிச்சன் பிரேக்கை மிதித்து அப்படியே நின்றார். அவர் கை தன்னால் மணிக்கட்டுக்குப் போனது.

"முடியாது ரோசிலி. ஸ்கரியா சொன்னதுதான் சரி. வண்டியை அவன்கிட்டயே கொடுத்துடலாம்."

முன்னால் போனவர்கள் பாறைக்கு மேலே நின்று இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரோசிலி கத்தவில்லை. கத்தினால் பாத்திரம் ஆடும்.

"அந்தக் கையை எடுங்க. ஒரு வருஷமா சோபாவுல உக்காந்து அதைத்தான் புடிச்சிட்டிருந்தீங்க. நான் அடுக்களையில இருந்து பாத்துட்டிருந்தேன், உங்க நாடி நின்னுடுமோன்னு இல்ல, உங்களுக்குப் பேச்சே நின்னுடுமோன்னு. இந்த வண்டி வந்த அன்னைக்குத்தான் குளிக்கும்போது விசில் அடிச்சீங்க. மேல ஏத்துங்க. கறியை நான் பாத்துக்கறேன்."

வர்க்கிச்சன் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். தலைமுடியில் பாசி, தோளில் செம்மண், மடியில் மசாலா. கல்யாணத்தன்றுகூட அவளை அவ்வளவு நேரம் அவர் பார்த்ததில்லை. பிறகு குட்டைக் கம்பியை இழுத்து, முதல் கியரில் போட்டு, கிளட்சை மெல்ல மெல்ல விட்டார். ஜீப் அவசரப்படாமல், எருமை கரையேறுவதுபோல ஒவ்வொரு பாறையாக ஏறி, கடைசியில் மூக்கைத் தூக்கிச் சமதரையில் நின்றது.

அங்கே பனி விலகியிருந்தது. ஒரு பெரிய வீட்டு முற்றத்தில் பந்தல். நூறு பேருக்குக் குறையாத கூட்டம். இவர்கள் வண்டியைக் கண்டதும் அத்தனை பேரும் ஆரவாரம் செய்தார்கள். நாலைந்து பேர் ஓடிவந்து, ரோசிலியின் மடியிலிருந்து பாத்திரத்தைக் குழந்தையை வாங்குவதுபோல வாங்கினார்கள். மூடியைத் திறந்து பார்த்துவிட்டு ஒருவர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். பட்டு ஜிப்பாக்காரர் வந்து வர்க்கிச்சனைக் கட்டிப்பிடித்தார். இரண்டு பேர் சேறும் ஒன்றானது. கையலம்பச் சொல்லி, முதல் வரிசையிலேயே உட்காரவைத்து இலை போட்டார்கள். அரிசிமா உருண்டைகளை வேகவைத்த பிடியும் கோழிக்கறியும்.

வர்க்கிச்சன் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி சாப்பிட்டார். காலை மாத்திரையை மறந்தது அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அதை ஒரு பெருமையாகவே சொன்னார். பம்பரை வெல்டிங் செய்துகொள்ளலாம், அடுத்த வருடம் வண்டிக்குப் புது டயர் போட்டுக்கொண்டு வரலாம் என்று திட்டம் போட்டார். நிம்மிக்கு என்ன சொல்வது, ஸ்கரியா முகத்தை எப்படிப் பார்ப்பது என்று இருவரும் சிரித்துக்கொண்டார்கள். ரோசிலிக்கு ஒன்றுதான் கொஞ்சம் இடித்தது. சுற்றி இருந்த பெண்கள் எல்லாரும் பட்டுப்புடவையில் இருந்தார்கள். பரிசளிப்பு இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டு, மடியில் இருந்த குழம்புக் கறையை இலையின் ஓரத்தால் மறைத்தாள்.

வெள்ளைச் சட்டையும் முண்டும் உடுத்த ஒரு அம்மச்சி கறிவாளியோடு வந்து இரண்டு பேர் இலையிலும் தாராளமாக ஊற்றினாள்.

"வெக்கப்படாமச் சாப்பிடுங்க. ஆமா, நீங்க பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?"

ரோசிலியின் கையில் இருந்த பிடி உருண்டை இலையில் விழுந்தது. பந்தலின் கோடியில், மாலையும் கழுத்துமாக நின்ற ஒரு ஜோடி அப்போதுதான் அவள் கண்ணில் பட்டது. வழி முடியவில்லை. வழியே இது இல்லை. வண்டி போயிற்று.

அவள் எழுந்து நின்றாள். உண்மையைச் சொன்னாள். ஜீப் கூட்டத்துக்கு வந்தவர்கள், பனியில் ரிப்பனைப் பார்த்து வழி மாறிவிட்டார்கள், சாப்பிட்டதற்கு மன்னிக்க வேண்டும், கூட்டத்துத் தலைவன் தன் தம்பிதான், அவனிடம் போய்ச் சேர வழி காட்டினால் போதும் என்றாள்.

அம்மச்சி அவள் தோளை அழுத்தி மறுபடி உட்காரவைத்தாள்.

"எதுக்கு மோளே எழுந்திரிக்கறே, அந்த ஜீப்புக்காரங்க எல்லாரும் அதே ரிப்பனைப் பாத்துக் காலையிலேயே இங்க வந்துட்டாங்க, உன் தம்பி அதோ அடுக்களைப் பக்கம் மூணாந்தடவை பிடி வாங்கிட்டு, தான் மாப்பிள்ளைக்குச் சித்தப்பான்னு சொல்லிட்டிருக்கான்."