கரடியூரில் ஓர் ஏரி

மண்ணை மிதித்துப் பார்க்கிறவர்கள் உண்டு, அள்ளி மோந்து பார்க்கிறவர்கள் உண்டு. காகிதத்தில் மட்டுமே பார்க்கிற ஓர் இனமும் உண்டு. வரைபடக்காரர் என்று பெயர்.

இவரை அடையாளம் காண்பது எளிது. கக்கத்தில் சுருட்டிய படம், சட்டைப் பையில் நான்கு நிறப் பேனா, வாயைத் திறந்தால் ‘சேட்டிலைட்’. எந்த நிலத்துக்குச் சொட்டு நீர், எதற்குத் தெளிப்பான், எதற்கு வாய்க்கால் என்பதைச் சேலத்தில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்தே தீர்மானித்து, பச்சை, மஞ்சள், நீலம் என்று சாயம் பூசி, கையெழுத்தும் போட்டுவிட்டு, அதற்குப் பிறகுதான் மலைக்குப் பஸ் ஏறுவார். எதற்கு? படத்தில் உள்ளபடி நிலம் ஒழுங்காக நடந்துகொள்கிறதா என்று பார்க்க!

1993 பங்குனியில் அப்படி ஒருவர் ஏற்காட்டு மலையிலுள்ள கரடியூருக்கு வந்தார். பெயர் பாலசுப்பிரமணியம். அங்கே கண்ணாயி என்பவள் முந்நூறு ஆரஞ்சுக் கன்றுகளை நட்டுவிட்டு, பள்ளத்து ஊற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றிக்கொண்டிருந்தாள். சொட்டு நீர்க் குழாய் கேட்டு மனுப் போட்டிருந்தாள். குழாய் வந்தால் கன்றுகள் பிழைக்கும். வராவிட்டால் சித்திரை தாண்டாது.

படத்திலோ அவள் நிலம் கருநீலம். அதாவது ஏரி! படம் பிடித்த அன்று மேலே ஒரு மேகம் நின்றிருக்கிறது, அதன் நிழல் கறுப்பாகக் கீழே விழுந்திருக்கிறது. சேட்டிலைட் படத்தில் தண்ணீரும் கறுப்பாகத்தான் தெரியும். ஏற்காட்டில் மேகம் வராத நாள் ஏது? கடைத்தெருவில் பஜ்ஜி போடுகிறவருக்குத் தெரிந்த சங்கதி இவருக்குத் தெரியவில்லை. நிழலுக்குக் கருநீலம் பூசிவிட்டார்.

நிலத்தின் ஓரத்தில் நின்று செருப்பைக் கழற்றினார். கால்சட்டையை முழங்கால்வரை மடித்தார்.

“ஏனுங்க சார், பேண்ட்ட எதுக்குங்க மடிக்கறீங்க?” என்றாள் கண்ணாயி.

“நனைஞ்சிடும்மா. இது ஏரி.”

“ஏரிங்களா! குடிக்கற தண்ணிக்கே நொம்ப தூரம் போறனுங்க.”

“சேட்டிலைட் பொய் சொல்லுமா? ஏரிக்குள்ள எதுக்கும்மா சொட்டு நீர்?”

“நீங்க நிக்கற எடத்துலயே புழுதி பறக்குதுங்களே. குனிஞ்சு பாருங்க.”

குனிந்தார். படத்தைப் பார்த்தார். ‘நீர்நிலை. பாசனம் தேவையில்லை’ என்று மனுவில் எழுதினார். காலில் அப்பிய புழுதியைத் தட்டிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் வாசகரே, அவர் கால்சட்டையை எதுவரை மடித்தார் என்பது உங்களுக்கு நினைவிருக்கிறது. கன்றுகள் என்ன ஆயின என்று மட்டும் நீங்கள் கேட்கவே இல்லை. முந்நூறில் பதினொன்று மிஞ்சின. எதற்கும் உங்கள் கக்கத்திலும் சுருட்டிய படம் ஏதாவது இருக்கிறதா என்று ஒருமுறை தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள்.