கட்டிப்பிடிக்காத நால்வர்

"அக்டோபர் 7, திங்கள். இன்று செய்த சிறு பிழை: மாணவர் படைப்புகளைத் தாழ்வாரச் சுவரில் ஒட்ட வெள்ளை நாடாவைத்தான் பயன்படுத்த வேண்டும். நான் நீல நாடாவைப் பயன்படுத்திவிட்டேன். சுவருக்குச் சேதமில்லை."

உலகம் எத்தனையோ ரகசியங்களைப் பார்த்திருக்கிறது. படையெடுப்புத் தேதிகள், அணுகுண்டுச் சூத்திரங்கள், அரசர்களின் உயில்கள். இவற்றையெல்லாம் காத்தவர்கள் ஒஹாயோ மாநிலத்தின் பெல் ஃபோர்க் தொடக்கப் பள்ளிக்கு வந்து ஒரு வாரம் பயிற்சி எடுத்திருந்தால், உலக வரலாறே வேறு மாதிரி போயிருக்கும். ஒரு ரகசியத்தை எப்படிக் காப்பது என்பதை மனித குலத்துக்கு அந்தப் பள்ளிதான் காட்டியது.

மேலே உள்ள குறிப்பை எழுதியவள் அங்கே முதல் வகுப்பு எடுக்கும் கார்லிஸ் ஹாகன். வயது இருபத்துநான்கு. நிரந்தர ஆசிரியர் உரிமத்துக்காக வாரம் இரண்டு மாலை கல்லூரிக்குப் போகிறாள். தினமும் தான் செய்த தவறு ஒன்றை எழுதிவரச் சொல்லி அங்கே உத்தரவு. கார்லிஸுக்கு ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதான் கஷ்டம். ஆறு வயதுக் குழந்தைக்கு எழுத்துக் கூட்டச் சொல்லித் தர நான்கு வருடப் பட்டமும் அதன் மேல் இரண்டு வருட மாலை வகுப்பும் தேவை. அதே குழந்தையின் தலைக்கு மேலாகக் குறிபார்த்துச் சுட மூன்று சனிக்கிழமைகள் போதும் என்று பள்ளி வாரியம் கண்டறிந்திருந்தது. கல்வித் துறையில் இவ்வளவு சிக்கனமான முன்னேற்றம் இதற்கு முன் நடந்ததில்லை.

அந்தக் கோடையில் ஆசிரியர் சிலர் அந்த மூன்று சனிக்கிழமைகளையும் முடித்தார்கள். எத்தனை பேர், யார் யார் என்பது பரம ரகசியம். தெரிந்துவிட்டால், கெட்ட எண்ணத்தோடு வருகிறவன் முதலில் அவர்களைத்தானே குறிவைப்பான்? ஆகவே விதி ஏழு பிறந்தது: "ஆயுதம் வைத்திருக்கிறீர்களா என்று எவர் கேட்டாலும், ஊழியர் எவரும் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லலாகாது." வாசலில் ஒரு பலகையும் வைத்தார்கள். "இங்குள்ள ஊழியர்களில் சிலர் ஆயுதம் தாங்கியவர்கள்." கார்லிஸின் வகுப்புப் பிள்ளைகள் யார் உதவியும் இல்லாமல் எழுத்துக் கூட்டி வாசித்த முதல் வாக்கியம் அதுதான். அவள் கைதட்டிப் பாராட்டினாள். பிறகு அதைப் பற்றி இரண்டு நாள் யோசித்தாள்.

நீல நாடாவால் அவள் சுவரில் ஒட்டியது ஒரு பட்டை வரைபடம்.

அந்தப் பள்ளியில் ஒவ்வொரு வகுப்புக் கதவிலும் நான்கு படங்கள் உண்டு: கட்டிப்பிடிப்பது, கையோடு கை தட்டுவது, கை முஷ்டியோடு முஷ்டி இடிப்பது, கையசைப்பது. காலையில் வரும் குழந்தை ஒரு படத்தைத் தொடும். ஆசிரியர் அந்த வணக்கத்தைச் செய்வார். அக்டோபர் மாதக் கணக்குப் பாடம், கணக்கெடுத்துப் பட்டை வரைவது. பிள்ளைகள் பதினொரு ஆசிரியர்களிடமும் போய், "கட்டிக்கலாமா?" என்று கேட்டார்கள். கிடைத்த அணைப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம் கிரேயானால் தீட்டினார்கள். ஏழு பட்டைகள் நன்றாக வளர்ந்திருந்தன. நான்கு காலி.

அந்த நான்கில் ஒன்று மழலை வகுப்பு மிஸஸ் ப்ரூயிட்டின் பெயருக்கு மேல் இருந்தது. இருபத்தாறு வருடமாக ஊரில் பாதிப் பேரைக் கட்டிப்பிடித்து வளர்த்தவர். செப்டம்பரில் அவர் கதவிலிருந்து அணைப்புப் படம் காணாமல் போயிருந்தது.

திங்கள் மாலை பெற்றோர் வந்து பார்க்கும் நாள். அவர்கள் வரைபடத்தின் முன் நின்றார்கள். ஒருவர் வாய்விட்டு எண்ணினார். ஒருவர் கைபேசியில் படம் எடுத்தார். யாரும் நாடாவின் நிறத்தைக் கவனிக்கவில்லை.

செவ்வாய் காலை ஓப்பல் வந்தாள். அவள் வகுப்பில் மிகச் சிறியவள். தினமும் அணைப்புப் படத்தை மட்டுமே தொடுவாள். கார்லிஸின் இடுப்பைக் கட்டிக்கொண்டு நாற்பது எண்ணும் நேரம் நிற்பாள். அதற்குப் பிறகுதான் அவளுக்குப் பேச்சு வரும். அணைப்பு இல்லாத நாட்களில், கார்லிஸ் காய்ச்சலில் விடுப்பெடுத்த இரண்டு நாட்களிலும், அவள் ஒரு வார்த்தை பேசவில்லை என்று மாற்று ஆசிரியர் எழுதி வைத்திருந்தார்.

"மிஸ், உங்ககிட்ட துப்பாக்கி இல்லதானே?" என்று கார்லிஸின் பாவாடையில் புதைந்த முகத்திலிருந்து குரல் வந்தது.

கார்லிஸ் விதி ஏழை நினைத்தாள். வாயைத் திறக்கவில்லை.

"இல்ல. எனக்குத் தெரியும்," என்று ஓப்பலே பதில் சொல்லிக்கொண்டாள். "இருந்தா கட்டிக்க மாட்டாங்க. எல்லாருக்கும் தெரியும், மிஸ்."

அன்று மூன்றரை மணிக்கு நூலகத்தில் பள்ளி வாரியமும் ஆசிரியர்களும் கூடிய அவசரக் கூட்டம். அங்கே இருந்த நாற்காலிகள் எல்லாம் குழந்தைகளுக்கானவை. முழங்கால் காதைத் தொடும்படி உட்கார்ந்து, மாவட்டத்தின் தலைசிறந்த மூளைகள் நாட்டின் பாதுகாப்பை ஆராய்ந்தன. வாரியத் தலைவி வெர்னா ஆக்ஸ்லி டிராக்டர் விற்பவர். வரைபடத்தைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தார்.

"தலைப்பை யார் தேர்ந்தெடுத்தது?"

"பசங்கதான், மேடம்," என்றாள் கார்லிஸ். "'பிடிச்ச ஐஸ்கிரீம்'னு நான் சொன்னேன். ஓட்டுப் போட்டு மாத்திட்டாங்க."

"ஒன்னாம் வகுப்புல எதுக்கு ஓட்டு?"

"பாடத்திட்டத்துல இருக்கு. குடிமைப் பண்பு."

நாலாம் வகுப்பு ஹோபார்ட் கையைத் தூக்கினார். காலியாக இருந்த நான்காவது பட்டை அவருடையது. "ஒரு விஷயம் தெளிவாச் சொல்லிடறேன். என்கிட்ட..."

"விதி ஏழு, ஹோபார்ட்," என்றார் தலைமையாசிரியர் டாக்கெட்.

"இல்ல சார், நான் சொல்ல வந்தது..."

"அதைத்தான் சொல்லாதீங்கன்னேன்."

"சார், எனக்கு யாரையும் கட்டிப்பிடிக்கப் பிடிக்காது. அவ்வளவுதான். முப்பது வருஷமா இப்படித்தான். வேணும்னா என் பொண்டாட்டியைக் கேளுங்க. நேத்து ரெண்டு பேர் என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழறாங்க. ஒரு அம்மா பூசணிக் கேக்கு கொண்டு வந்து, 'எங்க புள்ளைங்களுக்காக உயிரைக் கொடுக்கறீங்க'ங்கறாங்க."

"கேக்கைத் திருப்பிக் கொடுத்துடாதீங்க," என்றார் ஆக்ஸ்லி. "கொடுத்தா தெரிஞ்சு போயிடும்."

"பாதி தின்னாச்சு."

"நல்லது. மீதியையும் தைரியமாச் சாப்பிடுங்க."

மிஸஸ் ப்ரூயிட் மெதுவாகக் கேட்டார்: "பக்கவாட்டுல அணைச்சுக்கிட்டா? இடது பக்கம் மட்டும்?"

டாக்கெட் பயிற்சிக் கையேட்டைப் புரட்டினார். "'கைக்கெட்டும் தூரத்தில் எவரையும் அனுமதிக்கலாகாது.' அதோட, உங்க புள்ளைங்களுக்கு இடது வலது தெரியுமா?"

"ஜனவரியிலதான் அந்தப் பாடம்."

"பார்த்தீங்களா?"

கார்லிஸ் பேசுவதாக இல்லை. அவளுடைய ஒப்பந்தம் வருடத்துக்கு வருடம் புதுப்பிக்கப்படுவது. புதுப்பிப்பவர்கள் எதிரே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆனாலும் வாய் திறந்துவிட்டது.

"மூணு பேரும் அதைக் கழட்டி வச்சுட்டா பழையபடி கட்டிக்கலாமே?"

ஆக்ஸ்லி சுருட்டிய வரைபடத்தைக் கீழே வைத்தார்.

"தங்கம்," என்றார் ஆக்ஸ்லி அன்பாக. "இது பாதுகாப்பைப் பத்தின கூட்டம். விஷயத்தை விட்டு வெளிய போகக் கூடாது. அதோட, மூணு பேர்னு உனக்கு யார் சொன்னா?"

"ஓப்பல். ஆறு வயசு. மிஸ்டர் ஹோபார்ட் எப்பவுமே அப்படித்தான்னு அவளே அவரைக் கழிச்சுட்டா."

"கழித்தல் கணக்கு நல்லாத்தான் சொல்லிக் கொடுத்திருக்கே," என்றார் டாக்கெட். அது பாராட்டு இல்லை என்று கார்லிஸுக்குப் புரிய சற்று நேரம் பிடித்தது.

பிறகுதான் அந்த மகத்தான யோசனை பிறந்தது. ஆக்ஸ்லி ஹோபார்ட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாரும் ஹோபார்ட் மாதிரி இருந்துட்டா," என்றார் நிதானமாக, "யாருக்கும் எதுவும் தெரியாது."

ஹோபார்ட்டுக்குக் காது சிவந்தது. முப்பது வருடத்தில் அவரைப் போல இருக்கச் சொல்லி யாரும் யாரிடமும் சொன்னதில்லை.

ஐந்து நிமிடத்தில் தீர்மானம் தயாரானது. வாரியத்தில் எதிர்ப்பு இல்லை. "ஆயுதம் தாங்கியோரின் அடையாளத்தைக் காக்கும் பொருட்டு, ஆயுதம் தாங்காதோரும் ஆயுதம் தாங்கியோரைப் போலவே நடந்துகொள்வர். மாணவரை அணைத்தல் நாளை முதல் நிறுத்தப்படுகிறது. கையசைத்தலுக்குத் தடையில்லை." இதைவிடச் சமத்துவமான தீர்மானத்தை எந்த நாடாளுமன்றமும் நிறைவேற்றியதில்லை. ஆயுதம் ஏந்த விரும்பியவருக்கும் விரும்பாதவருக்கும் இடையே இருந்த வேறுபாடு ஒரே மாலையில் ஒழிந்தது.

"புள்ளைங்க ஏன்னு கேட்டா, சார்?" என்றாள் கார்லிஸ்.

"விதி ஏழு."

"என்கிட்ட இல்லைன்னு மட்டுமாவது..."

"நீ இல்லைன்னு சொல்லுவே. அடுத்த ரூம்லயும் இல்லைன்னு சொல்லுவாங்க. கடைசில யாரு இல்லைன்னு சொல்லலையோ, அவங்கதான். உன் பசங்களே கணக்குப் போட்டுடுவாங்க. சொன்னா ஒப்பந்தத்தை மறந்துட வேண்டியதுதான், கார்லிஸ். நான் காப்பாத்த முடியாது."

வண்டி நிறுத்துமிடத்தில் மிஸஸ் ப்ரூயிட் தன் காரில் சாய்ந்து நின்றிருந்தார்.

"நான் எதையும் ஒத்துக்கலை, கேட்டுக்கோ," என்றார். "சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்றேன். எவனாவது உள்ள வந்தா புள்ளைங்களுக்கு முன்னாடி நிக்கணும்னு ஒருத்தி ஆசைப்பட்டா. இப்ப ஒரு புள்ளையும் அவ முன்னாடி வந்து நிக்க மாட்டேங்குது."

"நீங்க அவங்ககிட்ட விளக்கிச் சொல்லலாமே?"

"அஞ்சு வயசுப் புள்ளை எங்க கட்டிக்கும், கார்லிஸ்? இடுப்புல. தலை சரியா இங்க வந்து முட்டும்." அவர் தன் வலது இடுப்பைத் தொடப் போனார், தொடாமல் கையை இறக்கிக்கொண்டார். "எத்தனை தடவை பின்னாடி நகர்ந்திருப்பேன்னு நினைக்கறே? இப்ப வகுப்புல நான் பக்கத்துல போனா அதுங்க நகருதுங்க."

"இனிமே எல்லார்கிட்டேருந்தும் நகருவாங்க."

"ஆமா," என்றார் மிஸஸ் ப்ரூயிட். "இனிமே யாரும் என்னை மட்டும் தனியாப் பார்க்க மாட்டாங்க. எனக்காகத்தான் செஞ்சிருக்காங்க. நன்றி சொல்லணும்." அவர் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

பெற்றோருக்கான கடிதத்தை அன்றே டாக்கெட் அனுப்பிவிட்டார். பள்ளியில் எந்தப் பெரியவரைப் பார்த்தாலும் அவரிடம் துப்பாக்கி இருக்குமோ என்ற எண்ணம் வரும்படி செய்யப்பட்டுவிட்டதால், பிள்ளைகள் இனி முழுப் பாதுகாப்போடு இருக்கிறார்கள் என்று அதில் எழுதியிருந்தார்.

மாலை வகுப்புக்கு இன்னும் அரை மணி இருந்தது. கார்லிஸ் காரிலேயே உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள். ஒரு வரி எழுதி அடித்தாள். மறுபடி எழுதினாள்.

"அக்டோபர் 8, செவ்வாய். இன்று செய்த பிழை: கூட்டத்தில் ஒரு கேள்வி கேட்டேன். பிறகு அதை மறுபடி கேட்காமல் விட்டுவிட்டேன்.

நாளை: ஏழே முக்காலுக்குள் கதவிலிருந்து அணைப்புப் படத்தை எடுக்க வேண்டும். ஓப்பல் வருவாள். படம் இருந்த இடத்தைப் பார்ப்பாள். உங்ககிட்டயும் இருக்கா என்று கேட்பாள். இல்லை என்று சொல்லக் கூடாது. கையசைக்க வேண்டும்."