தண்ணீரைக் கட்டிய சித்தர்

புலம்பெயர்ந்த தமிழர் நிறைந்த கிரெய்கிபர்னில் ஒரு சமூக மண்டபத்துக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் நிறுத்த இடம் கிடைப்பதே முதல் அற்புதம். இரண்டாவது அற்புதம் உள்ளே நடந்தது. அங்கே ஒரு மனிதர் தண்ணீரைக் கட்டிப்போட்டார்.

அவருக்குக் கண்டசித்தர் என்று பெயர். கண்டம் என்றால் தொண்டை. தொண்டை நோயைத் தீர்க்கிற சித்தர் என்று பக்தர்கள் பொருள் சொன்னார்கள். ஏமாறக்கூடிய ஆளைக் கண்டதும் சித்தராகிவிடுகிறவர் என்றும் பொருள் கொள்ளலாம், இலக்கணம் தடுக்காது. பெற்றோர் வைத்த பெயர் முரளிதரன். சித்தராவதற்கு முன்பு வீட்டுக் கூரைகளுக்குச் சோலார் தகடு விற்றுக்கொண்டிருந்தார். அப்போது சூரியனை நம்பச் சொன்னார், இப்போது தன்னை நம்பச் சொன்னார். எந்த ஊர்க்காரர் என்று யாருக்கும் தெரியாது. யாழ்ப்பாணத்தாரிடம் "ஓம்" என்பார். சென்னைக்காரரிடம் "ஆமா" என்பார். மைக் கிடைத்தால் "ஆம்" என்பார்.

கூட்டம் படிக்காத கூட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். என்ஜினியர்கள், கணக்காளர்கள், வங்கியில் கடன் கொடுப்பதற்கு முன் ஆயிரம் கேள்வி கேட்கிறவர்கள் எல்லாரும் இருந்தார்கள். மண்டப வாசலில் செருப்பைக் கழற்றும்போது கூடவே இன்னொன்றையும் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனார்கள், அவ்வளவுதான்.

பாவம், அவர்கள் கூட்டி வந்த நோயாளிகள்தான். பக்கவாதம் வந்தவர்கள், நடுக்கவாதம் வந்தவர்கள், தொண்டையில் சத்திர சிகிச்சை செய்தவர்கள். எல்லாருக்கும் ஒரே கஷ்டம்: விழுங்க முடியாது. ஒரு மிடறு தண்ணீர் குடித்தால் அது வயிற்றுக்குப் போகாமல் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். இருமி இருமிக் கண் பிதுங்கும். சிலருக்கு இருமலே வராது. சத்தமில்லாமல் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். அது இன்னும் ஆபத்து.

சித்தர் ஒரு கண்ணாடிக் குவளையில் குழாய்த் தண்ணீர் பிடிப்பார். பட்டுப்பையிலிருந்து வெள்ளைப் பொடி ஒன்றை எடுத்துப் போடுவார். அதற்கு 'நீர்கட்டி' என்று பெயர். வெள்ளிக் கரண்டியால் கலக்குவார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "நீரே நில், நதியே நில், கண்டமே திற" என்று தொடங்கி, நீட்டி முழக்கி ஒரு மந்திரம் சொல்வார். முடிந்ததும் குவளையைச் சரிப்பார். தண்ணீர் ஓடாது, தேன்போல மெல்ல நகரும். நிறம் மாறவில்லை, மணம் மாறவில்லை, தண்ணீர் மட்டும் சொன்ன சொல் கேட்கிறது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். பொடிக்கு விலை கிடையாது, காணிக்கை மட்டும்தான். காணிக்கை இளைத்தால் பையும் இளைத்திருக்கும்.

இதில் பெரிய வில்லங்கம், அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களுக்கு உண்மையிலேயே இருமல் குறைந்ததுதான். முழுப் பொய்யை யாரும் வாங்குவதில்லை. கொஞ்சம் உண்மை சேர்த்துப் பிசைந்தால்தான் விற்கும்.

நகரின் மறுகோடியில், ரோவிலில் இருந்த ஜெயரட்ணம் ஓய்வுபெற்ற நில அளவையாளர். பக்கவாதம் வந்து பிழைத்தவர். நாக்கும் தொண்டையும் மட்டும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. குடிக்கிறதெல்லாம் தடிப்பாக, சாப்பிடுகிறதெல்லாம் கட்டியில்லாமல் மசித்ததாக இருக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் விழுங்கும் பயிற்சி கொடுத்த பெண் சொல்லி அனுப்பியிருந்தாள். அவருடைய மனைவி கமலினி ஒரு காப்புறுதிக் கம்பனியில் இழப்பீடு கேட்டு வருகிறவர்களின் கதைகளைச் சரிபார்க்கிறவள். தாங்களே எரித்த சமையல் குசினிக்குக் கண்ணீரோடு பணம் கேட்டு வந்தவர்களையெல்லாம் பார்த்துப் பழகியவள்.

அவள் கடைக்குப் போவதே ஒரு விசாரணைதான். கைப்பையில் எப்போதும் ஒரு முள்ளுக்கரண்டி இருக்கும். மூடியில் ஸ்ட்ரோபெரி சிரிக்கிற தயிரைத் தொடமாட்டாள். உள்ளே விதை இருக்கும். ஐஸ்கிரீமும் ஜெலியும் பார்க்க மெத்தென்று இருந்தாலும் வாய்ச் சூட்டில் உருகி வெறும் தண்ணீராகிவிடும், அவையும் வேண்டாம். கஸ்டட் சரி. மசித்த உருளைக்கிழங்கு சரி, தோல் இல்லாவிட்டால். பூசணி சூப்பில் வழவழப்பானது என்று எழுதியிருந்தாலும் அவள் நம்பமாட்டாள். வாங்கிக்கொண்டு போய்க் கார் பார்க்கிலேயே திறந்து முள்ளுக்கரண்டியால் அள்ளிப் பார்ப்பாள். முள்ளுக்கு மேலே குவிந்து நின்றால் சரி, இடுக்கால் ஒழுகினால் தடிப்புப் பொடி சேர்க்க வேண்டும், கட்டி தெரிந்தால் வீட்டில் அரிதட்டுக் காத்திருக்கிறது. ஒரு தடவை கடைக் காவலாளி வந்து என்ன செய்கிறீர்கள் என்று கேட்டான். சூப் உண்மை சொல்கிறதா என்று பார்க்கிறேன் என்றாள்.

குழந்தைச் சாப்பாட்டுப் பைகளும் வாங்கினாள். பையில் கரடிப் படத்தைக் கண்டதும் ஜெயரட்ணத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. அடுத்த நாள் அதே பூசணிக் கூழில் தேங்காய்ப்பாலும் மஞ்சளும் சேர்த்துச் சூடாக்கி, நல்ல கோப்பையில் ஊற்றிக் கொடுத்தாள். வழித்துச் சாப்பிட்டார். கரடியைப் பற்றி அவள் மூச்சு விடவில்லை.

பால் விடாத பிளேன்ரீயில்தான் மனிதர் உடைந்துபோனார். தடிப்புப் பொடி போட்ட தேநீரை ஒரு கரண்டி எடுத்துவிட்டு வைத்துவிடுவார்.

"இது தேத்தண்ணி இல்லை, கமலினி. நோட்டீஸ் ஒட்டுற பசை," என்று குழறிக் குழறிச் சொன்னார். கண் கலங்கியிருந்தது.

இந்தக் கண்ணீரைத்தான் அவருடைய அக்கா தாட்சாயினி பார்த்துவிட்டார். அடுத்த ஞாயிறே தம்பியைக் காரில் ஏற்றிக்கொண்டு கிரெய்கிபர்னுக்குப் போய், ஆசீர்வாதத்தோடும் பட்டுப்பையோடும் திரும்பி வந்தார். பொடியைப் போட்டுக் கலக்கி, முழு மந்திரத்தையும் சொல்லிய பிறகுதான் கொடுக்க வேண்டும் என்று பையோடு வந்த தாளில் எழுதியிருந்தது.

கமலினி அதை வாசித்துவிட்டு, மருந்துக்கடையில் வாங்கிய தன் தடிப்புப் பொடி டின்னை எடுத்துப் பார்த்தாள். அதிலும் ஏறக்குறைய அப்படித்தான் எழுதியிருந்தது: போட்டுக் கலக்கி, கொஞ்சம் பொறுத்திருந்து கொடுங்கள். பொறுத்திருக்கச் சொன்ன இடத்தில் சித்தர் மந்திரத்தை வைத்திருக்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டு குவளை வைத்து இரண்டையும் கலக்கினாள். ஒரே தடிப்பு, ஒரே வழுவழுப்பு, ஒரே சப்பென்ற ருசி.

"மச்சாள், மந்திரம் சொல்லாமலே இறுகுது," என்றாள்.

சித்தர் ஏற்கெனவே உருவேற்றி வைத்த பொடி, அதனால்தான் என்றார் தாட்சாயினி. இப்படிப்பட்ட பதில்கள் பக்தர்களிடம் எப்போதும் கையிருப்பில் இருக்கும்.

பின்வீட்டு சாரா உம்மாவும் அதே பொடியைத்தான் வாங்கியிருந்தார். அவருடைய கணவர் அலியாருக்கு நடுக்கவாதம். மந்திரம் சொல்லமாட்டேன் என்று சாரா உம்மா கறாராகச் சொன்னபோது, உங்களுக்கு பிஸ்மி போதும் என்று சித்தர் பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்துவிட்டாராம். சாரா உம்மா எதைக் கொடுத்தாலும் இறைவன் பெயரால் என்று பிஸ்மி சொல்லித்தான் கொடுப்பவர், ஆகவே புதிதாக ஒன்றும் செய்யவில்லை. தண்ணீர் அங்கேயும் இறுகியது. சமரசம் உலாவும் இடம் அந்தப் பட்டுப்பைதான் என்று கமலினி சிரித்துக்கொண்டு விட்டுவிட்டாள். காணிக்கை கூடின தடிப்புப் பொடிதானே, ஆளைக் கொல்லாது என்று நினைத்தாள்.

அங்கேதான் அவள் பிழை விட்டாள். நோயாளிக்குக் குணமாகவில்லை என்றால் சித்தரின் பெயர் எப்படிப் பெருகும்? ஆகவே 'கண்டத் திறப்பு' என்று ஒன்றைத் தொடங்கினார். சில ஞாயிறுகள் வந்தவர்களை மேடையில் ஏற்றித் தொண்டையைத் தடவி, திறந்துவிட்டது, இனி எல்லாம் குடிக்கலாம் என்று அறிவித்தார். அலியாருக்கும் திறந்துவிட்டார். அலியார் வீட்டுக்கு வந்து ஆசை தீர ஒரு பிளேன்ரீ குடித்தார். அந்த வாரமே நுரையீரலில் கிருமி என்று ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

கமலினி பார்க்கப் போனபோது ஒட்சிசன் குழாயோடு மனிதர் கண்ணை மூடிக் கிடந்தார். சாரா உம்மா நடந்ததை வெளியே சொல்ல வெட்கப்பட்டு இத்தனை நாளும் மறைத்திருந்தார்.

"டொக்டர் குடிக்க வேணாமெண்டாரு. அந்தாள் குடிக்கலாமெண்டாரு. தாகத்தில இருக்கிற மனிசன் ஆருட சொல்லக் கேப்பாரு?" என்றார்.

வீட்டுக்கு வந்தால் ஜெயரட்ணம் நல்ல சட்டை எடுத்து வைக்கச் சொல்கிறார். வருகிற ஞாயிறு அவருக்குக் கண்டத் திறப்பு என்று தாட்சாயினி பெயர் கொடுத்துவிட்டாராம். கமலினி அலியாரின் நிலையைச் சொன்னாள். அலியாருக்கு நம்பிக்கை போதாது என்று சித்தர் சொன்னதாக ஜெயரட்ணம் சொன்னார். அவள் கோபித்தாள், அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு கோப்பைத் தேநீருக்காக உயிரை வைக்கத் துணிந்தவரிடம் வாதாடிப் பயனில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. தானும் வருவதாகச் சொன்னாள். தாட்சாயினிக்கு ஆனந்தம்.

ஞாயிறு மண்டபம் நிரம்பி வழிந்தது. கமலினி பட்டுச்சேலை கட்டி, பூ வைத்து, கணவரைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு மேடையேறினாள். சித்தர் கட்டிய தண்ணீரையும் கட்டாத தண்ணீரையும் காட்டிவிட்டுத் தொண்டையைத் திறப்பது வழக்கம். அவர் பொடியை எடுக்கக் கை நீட்டியபோது அவள் கும்பிட்டாள். வீட்டில் தனக்குச் சரியாக வருவதில்லை என்றும், சித்தர் முன்னிலையில் தானே ஒருமுறை செய்து பார்க்க ஆசை என்றும் பணிவாகக் கேட்டாள். இப்படியொரு பக்தையை மறுக்க எந்தச் சித்தருக்குத்தான் மனம் வரும்? மைக்கையே அவள் கையில் கொடுத்தார்.

கமலினி பொடியைப் போட்டாள், கலக்கினாள். கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு, அவருடைய அதே ராகத்தில் தொடங்கினாள்.

"காய்கறியில் பூக்கோவா அரைவிலை. கழிப்பறைத் தாள் இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம். நாய்ச் சாப்பாடு, மாட்டிறைச்சி வாசனை, இந்த வாரம் மட்டும்."

சித்தர் பழக்க தோஷத்தில் கண்ணை மூடியிருந்தார். நாய்ச் சாப்பாட்டில் விழித்துக்கொண்டார். அதற்குள் அவள் சலவைத் தூளையும் வெங்காயத்தையும் பாடி முடித்துக் குவளையைச் சரித்தாள். தண்ணீர் தேன்போல நகர்ந்தது. மண்டபத்தில் யாரோ சிரித்தார்கள். பக்கத்தில் இருந்தவர் அதட்டினார். பிறகு அவரும் சிரித்தார்.

"சாமி, இது சுப்பர்மார்க்கெட்டின்ரை மலிவு விற்பனைத் தாள்," என்றாள் கமலினி. "இதுக்கும் தண்ணி நிண்டிட்டுது. இப்ப நீங்கள் உங்கடை மந்திரத்தை முழுக்கச் சொல்லுங்கோ. பொடி மட்டும் போடாதேங்கோ."

சித்தர் இன்று நேரமாகிவிட்டது என்றார். எங்களுக்கு நேரம் இருக்கிறது என்றது முன்வரிசை. வேறு வழியில்லாமல் வெறும் தண்ணீர்க் குவளைக்கு முன்னால் மந்திரம் சொன்னார். நதியை இரண்டு தடவை நிற்கச் சொன்னார். குவளையைச் சரித்தபோது தண்ணீர் சளாரென்று அவர் காவி வேட்டியிலேயே கொட்டியது. நம்பிக்கையில்லாத பெண் பக்கத்தில் நிற்பதால் சக்தி தடைப்படுகிறது என்றார். அப்படியென்றால் பூக்கோவாவுக்கு ஏன் தடைப்படவில்லை என்று கணக்காளர் ஒருவர் எழுந்து கேட்டார். கழற்றி வைத்ததை அவர் மெல்ல எடுத்து மாட்டத் தொடங்கியிருந்தார்.

கமலினி தன் மருந்துக்கடை டின்னை உயர்த்திக் காட்டினாள். பொடி நல்ல பொடிதான், டொக்டர் சொன்ன அளவில் போட்டுக் குடியுங்கள், தொண்டை திறந்துவிட்டது என்று சொல்வதை மட்டும் நம்பாதீர்கள் என்றாள். அலியார் ஆஸ்பத்திரியில் கிடக்கிற கதையை, சாரா உம்மாவின் சம்மதத்தோடு, ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். சிரிப்பு நின்றுவிட்டது.

சித்தர் கடைசி முயற்சியாக வெறும் தண்ணீர்க் குவளையொன்றை ஜெயரட்ணத்தின் கையில் கொடுத்தார். நீங்கள் குடியுங்கள் ஐயா, கண்டம் திறந்திருப்பதை இவர்கள் பார்க்கட்டும் என்றார். கமலினி தடுக்கப் போனாள், பிறகு நின்றுவிட்டாள். ஜெயரட்ணம் குவளையையே பார்த்துக்கொண்டு நின்றார். தெளிந்த, குளிர்ந்த, ஓடுகிற தண்ணீர். குவளையை மெதுவாக மேசையில் வைத்தார்.

"ஆசைதான்," என்றார், ஒவ்வொரு சொல்லாக. "ஆனா எனக்கு மூச்சும் வேணும்."

தாட்சாயினி கீழே கதிரையில் உட்கார்ந்தபடி சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

சித்தர் மண்டபத்துக் குசினி வழியாக வெளியேறினார். துரத்திப் போனவர்களுக்கு ஆள் கிடைக்கவில்லை. பின்பக்கத்து மஞ்சள் மூடிக் குப்பைத் தொட்டிதான் கிடைத்தது. அது நிறைய, மருந்துக்கடையில் விற்கிற அதே பொடியின் வெறும் டின்கள். எல்லாவற்றிலும் லேபலைக் கிழித்திருந்தார், மூடியில் கம்பனி முத்திரை மட்டும் அப்படியே இருந்தது. நுகர்வோர் முறைப்பாட்டு அலுவலகத்துக்குச் சிலர் அங்கே நின்றபடியே எழுதிப் போட்டார்கள். அலியார் பிறகு தேறி வீட்டுக்கு வந்துவிட்டார். முரளிதரன் இப்போது சிட்னியில் ஸ்ட்ராத்ஃபீல்டில் முழங்கால் சித்தராக இருப்பதாகக் கேள்வி.

அன்று கார் பார்க்கில் கமலினியைச் சுற்றிப் பெரிய கூட்டம். எந்தத் தயிர், எந்தக் கஸ்டட், முள்ளுக்கரண்டியை எப்படிப் பிடிப்பது என்றெல்லாம் கேட்டார்கள். அவள் பொறுமையாகச் சொன்னாள். உங்கள் ஆளுக்கு எது சரி என்பதை அவரைப் பரிசோதித்தவரிடமே கேளுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் சேர்த்துச் சொன்னாள். எல்லாரும் போன பிறகு ஒரு வயதான அம்மா மட்டும் தயங்கித் தயங்கி அருகில் வந்தார். நீ வாசித்த அந்தத் தாளைத் தரமுடியுமா பிள்ளை என்று காதோடு கேட்டார். அதில் ஏதோ சக்தி இருக்கிறதாம். தண்ணீர் கேட்டதைத் தன் கண்ணாலேயே பார்த்தாராம்.

கமலினி தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

"தண்ணிக்குக் காது இல்லை அன்ரி," என்றாள். "எங்களுக்கு ரெண்டு இருக்கு. ரெண்டுக்கும் நடுவிலையும் ஒண்டு இருக்கு. அதை ஒருக்கா பாவிச்சுப் பாருங்கோ, காணிக்கை கேக்காது."