பழைய கம்பைலரும் பதினொரு பேரும்

திருச்சியில் புதிதாக வந்த எதையும் முதல் வருஷம் தொடாத ஒரே மனிதர் நாங்கள் 'பழைய பதிப்பு' என்று பட்டப்பெயர் வைத்திருந்த எங்கள் புரோகிராமர்தான். தில்லை நகரில் ஓட்டல் திறந்தால், "நாலு பேர் சாப்பிட்டு நல்லா இருக்கட்டுங்க, அப்புறம் போவோம்" என்பார். ஊரே சாப்பிட்டு ஏப்பம் விட்டு, கடை கைமாறிய பிறகு போய் நிற்பார்.

எண்பதுகளில் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் பிரிவுக்கு நான் பொறுப்பாளர், அவர் என் கீழே வேலை பார்த்தார். அந்த வருஷம் மெஷினுக்குப் புது ஆபரேட்டிங் சிஸ்டம் வந்தது. நாம் எழுதுவதை மெஷினுக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலரும் கூடவே புதிதாக வந்தது. இவரோ பழைய கம்பைலர் டேப்பை மாப்பிள்ளையைப் போலத் தாங்கினார்.

பழையது புது சிஸ்டத்தில் கொஞ்ச நேரம் ஓடும், படுத்துக்கொள்ளும். பரீட்சை மார்க் கணக்குப் போடும்போது எந்த மாணவரின் நம்பரில் நின்றதோ, அதை மெஷின் மேலேயே சாக்பீஸால் எழுதிவைத்து, அங்கிருந்து மறுபடி ஓட்டுவார்.

"எத்தனை தடவைங்க விழும்?"

"விழுந்தா எழுப்பிக்கலாங்க சார். புதுசு இன்னும் ஒரு மழைக்காலம்கூடப் பார்க்கலை."

மெஷினுக்கும் மழைக்கும் என்ன சம்பந்தம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பரீட்சை ரிசல்ட் ஒட்ட இரண்டே நாள் இருந்தது. பிரின்சிபால் போன் மேல் போன் போட்டார். நான் ஒரு தந்திரம் செய்தேன்.

"லீவே எடுக்க மாட்டேங்கிறீங்களே, நாளைக்குக் குடும்பத்தோட முக்கொம்பு அணைக்குப் போயிட்டு வாங்க."

நம்பிப் போனார். அன்றே மார்க் கணக்கைப் புது கம்பைலரில் போட்டேன். ஒரு தடவைகூட நிற்காமல் மத்தியானத்துக்குள் முடிந்தது. எல்லோருக்கும் போண்டா வாங்கிக் கொடுத்தேன்.

மறுநாள் காலை ரிசல்ட் லிஸ்ட்டை ஒட்டப் போகும்போது வந்து சேர்ந்தார். வாங்கி, விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தார்.

"சார், நாப்பத்தொன்பது ஏன் இவ்வளவு இருக்கு?"

பாஸ் மார்க் ஐம்பது. சராசரியில் அரை வந்தால் ஒன்றாக்க வேண்டும் என்பது கல்லூரி விதி. பழையது தானாகவே ஆக்கிவிடும். புதியது அரையை வெட்டி எறிந்து, நாற்பத்தொன்பதரையை நாற்பத்தொன்பதாக்கியிருந்தது. பாஸான பதினொரு பேரை நான் ஃபெயிலாக்கியிருந்தேன்.

அவர் உடனே பழைய டேப்பை மாட்டினார். சாயங்காலத்துக்குள் பதினேழு தடவை விழுந்தது. பதினேழு தடவையும் எழுப்பினார். சாப்பிடக்கூடப் போகவில்லை.

பிரின்சிபால் நேரிலேயே வந்துவிட்டார். "ஏன் இவ்வளவு லேட்?"

நான் வாயைத் திறப்பதற்குள், "நான் லீவுல போயிட்டேங்க சார்" என்றார் அவர். நானும் பேசாமல் நின்றேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

பதினொரு பேருக்கும் இந்தக் கதை தெரியாது. அவர்களுக்கும் சேர்த்து அந்த மனிதரை நான் நினைத்துக்கொள்கிறேன்.