மூச்சுப் பயிற்சிக்கு ஒத்துழைக்காத கோழி

மனித குலம் கோழிக்கு இதுவரை என்ன செய்திருக்கிறது? கூடு கட்டிக் கொடுத்தது, தீனி போட்டது, முட்டையை எடுத்தது, கடைசியில் கழுத்தையும் எடுத்தது. அதன் மன அமைதிக்காக ஒரு கூட்டம் போட்டதுண்டா? ஒரு தீர்மானம்? ஒரு துணைக் குழுவாவது? இந்த வரலாற்றுக் களங்கத்தைத் துடைக்க ஒரு மகான் பிறந்து, வளர்ந்து, குடிநீர் வாரியத்தில் முப்பத்தொரு வருடம் தலைமை எழுத்தராக இருந்து, ஓய்வும் பெற வேண்டியிருந்தது. ஓய்வு பெற்ற நாற்பதாவது நாள் அவர் 'வீட்டுக் கோழி நறுமண நல்வாழ்வுக் கழக'த்தைத் தொடங்கித் தானே தலைவரானார்.

கழகத்தில் பதினான்கு உறுப்பினர்கள். அந்தத் தெருவில் கோழி வைத்திருந்தது ஒரே ஓர் ஆள். அந்த ஆள் உறுப்பினர் அல்ல.

அது தலைவரின் தங்கை. அதே வீட்டின் பின்னறையில் தையல் மெஷின் ஓட்டுகிறவள். நாற்பது வயதாகியும் அண்ணனுக்கு அவள் 'பாப்பா'தான். எழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதால் கழகத்தின் குறிப்பேடு அவளிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. தேநீரும் நன்றாகப் போடுவாள் என்பதால் அதுவும்.

அவளுடைய கோழிகள் எட்டு. ஏழு, குஞ்சாக வாங்கியவை. எட்டாவது, தாய்க்கோழி கைவிட்ட முட்டையைத் துணி வெட்டுகள் நிறைந்த பெட்டியில் பல்பு வெளிச்சத்தில் வைத்து அவளே பொரிக்க வைத்தது. ஒரு கால் விரல் கோணலாகப் பிறந்ததால் அதற்கு 'நொண்டி' என்று பெயர். மெஷின் ஓடும்போது அவள் பாதத்தருகே உட்கார்ந்திருக்கும். மெஷின் நின்றால், ஏன் நிறுத்தினாய் என்பதுபோலத் தலையைச் சாய்த்துப் பார்க்கும். அந்த வீட்டில் அவளிடம் கருத்துக் கேட்ட ஜீவன் அது ஒன்றுதான்.

ஒரு திங்கட்கிழமை நொண்டியும் இன்னொரு கோழியும் தும்மின. தங்கை இரண்டையும் கூடையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"எங்கே கிளம்பிட்டே?" என்றார் அண்ணன்.

"ரெண்டு கோழிக்குச் சளி அண்ணே. கால்நடை ஆஸ்பத்திரி கம்பவுண்டர்கிட்ட காட்டிட்டு வந்துடறேன்."

"ஊசியா? ரசாயனமா? கழகத் தலைவர் வீட்டுக் கோழிக்கா? தெரு என்னம்மா பேசும்?"

"கோழிக்குச் சளின்னு பேசும்."

"பாப்பா, கூடையை இறக்கு."

அன்று மாலையே அவசரக் கூட்டம். நாற்காலிகள் பதினொன்றுதான் என்பதால் மூவர் கட்டிலில் அமர்ந்து வரலாற்றில் இடம்பிடித்தார்கள். நடுவில் கழகத்தின் ஆலோசகர். கைப்பேசியில் நான்கு மணி நேர வகுப்பு பார்த்துச் சான்றிதழ் வாங்கியவர். எதையும் சொட்டுக் கணக்கில் மட்டுமே பேசுவதால் தெருவில் அவருக்குச் 'சொட்டு மேடம்' என்று பெயர். தேநீருக்குச் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டாலும் "ரெண்டு சொட்டு" என்பார்.

"தும்மல்னா என்ன? உள்ளே இருக்கிற கெட்டது வெளியே வருது," என்றார் சொட்டு மேடம். "அதைத் தடுக்கக் கூடாது. ஊக்குவிக்கணும்."

"எப்படி மேடம்?" என்றார் செயலாளர். இன்சூரன்ஸ் ஏஜென்ட். யார் எதைச் சொன்னாலும் தலையாட்டி வளர்ந்த தொழில்.

"யூகலிப்டஸ் பன்னிரண்டு சொட்டு, கிராம்பு எண்ணெய் எட்டு, புதினா எண்ணெய் பத்து. வாசனையைப் புகையா விடற டிஃப்யூசர்ல தண்ணியோட ஊத்திக் கூட்டுக்குள்ளே வெச்சிடணும். ராத்திரி பகலா புகையணும். ஒவ்வொரு இறக்கைக்கு அடியிலயும் லாவெண்டர் ரெண்டு சொட்டு. அது தன்னம்பிக்கைக்கு."

"கோழிக்கு இதெல்லாம் பிடிக்குமா?" என்று கட்டிலில் இருந்து ஒரு குரல்.

"கோழியைக் கேட்டா மசாலா அரைக்கிறாங்க?" என்றார் ஏஜென்ட்.

இந்த உவமை கழகத்தின் நோக்கங்களுக்குப் பொருந்தவில்லை எனப் பதிவு செய்யுமாறு தலைவர் பணித்தார். தங்கை பதிவு செய்தாள்.

பிறகு தலைவர் தம் பங்கை வழங்கினார். அதுதான் அந்தச் சிகிச்சையின் உயிர்நாடி. "கூட்டுக்கு நாலு பக்கமும் கம்பி வலை. வாசம் பூரா கசிஞ்சு போயிடுமே!" முப்பத்தொரு வருடம் அவர் கசிவைத் தடுப்பது பற்றித்தான் கோப்பு எழுதினார். ஊரில் குழாய்கள் கசிந்தன. கோப்புகள் ஒருநாளும் கசிந்ததில்லை. அந்த அனுபவம் வீண்போகலாமா? நான்கு பக்கமும் கனமான பிளாஸ்டிக் தாள், இணைப்புகளில் டேப், டேப்பின் மேல் காகிதச் சீட்டு, சீட்டின் மேல் பச்சை மையில் கையொப்பம், தேதி, ரப்பர் முத்திரை. தீனிக்கும் தண்ணீருக்கும் மட்டும் காலையும் மாலையும் கதவு திறக்கும். தங்கை தீனி வைத்து, டிஃப்யூசரிலும் தண்ணீர் ஊற்றி முடிக்கும்வரை தலைவர் அருகில் நிற்பார். மூடியதும் புதுச் சீட்டு ஒட்டுவார்.

செவ்வாயன்று எட்டுக் கோழிகளும் கழுத்தை நீட்டி, வாயைப் பிளந்தபடி நின்றன.

"அண்ணே, மூச்சுக்குத் தவிக்குதுங்க."

சொட்டு மேடம் வரவழைக்கப்பட்டார். பிளாஸ்டிக் வழியாக உற்றுப் பார்த்தார். கை தானாக நெஞ்சுக்குப் போயிற்று. "மூச்சுப் பயிற்சி! யாரும் சொல்லித் தராமலே!"

ஏஜென்ட் புகைப்படம் எடுத்தார். மறுநாள் கொண்டைகள் நீலம் பாரித்தன. நீலம் அமைதியின் நிறம் என்று மேடம் விளக்கினார். அன்று மாலை நான்கு கோழிகளால் நிற்க முடியவில்லை. அதற்குப் பெயர் 'தளர்வு' என்றும், மனிதர்கள் அதை அடையப் பல வருடம் பிடிக்கும் என்றும் தெரிவித்தார்.

தங்கை துணி கொடுத்துவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். கம்பவுண்டர் ரப்பர் பூட்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார். அவள் சொல்லச் சொல்லக் குழாயை மூட மறந்தார். வியாழக்கிழமை கூட்டத்துக்கு அவரே வந்தார்.

"கொண்டையைப் பாருங்கய்யா, காத்து பத்தாம நீலம் பாய்ஞ்சிருக்கு. கோழிக்கு உடம்பு பூரா காத்துப் பை. நமக்கு வாசனை, அதுக்கு விஷம். பிளாஸ்டிக்கைக் கிழிச்சு எறிங்க. அந்த டப்பாவை வெளியே எடுங்க. சளிக்கு மருந்து நான் தர்றேன். இல்லேன்னா சனிக்கிழமைக்குள்ளே ஒண்ணும் மிஞ்சாது."

"எத்தனை வருஷமா இந்தத் துறையில இருக்கீங்க?" என்றார் சொட்டு மேடம்.

"இருபத்திரண்டு."

"அதான். பழகிப் போச்சு. புதுசா எதுவும் உள்ளே போகாது."

"உள்ளே போகக் காத்தே இல்லைங்கறதுதான் மேடம் என் பேச்சு."

தலைவர் மணியை அடித்தார். கம்பவுண்டருக்கு நன்றி தெரிவிக்கும் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறி, அவர் வெளியே அனுப்பப்பட்டார். பின்வாசலில் அவர் ஒரு சின்ன மருந்துப் புட்டியைத் தங்கையிடம் நீட்டினார். "அக்கா, நீங்களாவது கிழிச்சிடுங்க."

கிழித்தாள். ஒரு பக்கம்தான் கிழிக்க முடிந்தது. அரை மணி நேரத்தில் அண்ணன் புதுத் தாள் ஒட்டி, புது முத்திரை குத்தி, அவளுக்கு ஒரு மெமோவும் தயாரித்து, அவள் சாப்பாட்டுத் தட்டின் அடியில் வைத்துவிட்டார். அரசாங்கச் சொத்தாக மாறிவிட்ட தன் கோழிக்கூட்டைச் சேதப்படுத்தியதற்கு அவள் இருபத்து நான்கு மணி நேரத்தில் எழுத்துப்பூர்வமாக விளக்கம் தர வேண்டும்.

தட்டைத் தள்ளி வைத்துவிட்டு மெமோவையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாள் வாயால் கெஞ்சியது தப்பு என்று அப்போதுதான் புரிந்தது. அண்ணனிடம் அழுதால் கைக்குட்டை கிடைக்கும். மனு கொடுத்தால் பதில் கிடைக்கும். ஒழுங்காக எழுதிய காகிதத்தைக் கண்டால் அவருக்குக் கை பரபரக்கும்.

உட்கார்ந்து எழுதினாள்: எட்டுக் கோழிகளும் சிகிச்சைக்கு ஒத்துழைக்கவில்லை, ஒழுங்கு நடவடிக்கை எடுத்து அவற்றைச் சிகிச்சையிலிருந்து நீக்க வேண்டும்.

அண்ணன் இரண்டு முறை படித்தார். முகம் மலர்ந்தது. பிறகு சுருங்கியது. "நல்லாத்தான் எழுதியிருக்கே. ஆனா எட்டையும் நீக்கிட்டா சிகிச்சை யாருக்கு, நாற்காலிக்கா? ஞாயித்துக்கிழமை செயல்விளக்கம் இருக்கு. வேணும்னா ஒண்ணே ஒண்ணை நீக்கலாம். பேரைக் குறிப்பிட்டுக் கொண்டா."

"ஏழு உயிரு அண்ணே."

"அதான் சொல்றேன், ஏழாச்சும் வேணும்."

பேனாவோடு கூட்டுக்கு வெளியே போய் நின்றாள். தண்ணீர் மீட்டர் பெட்டியின் மேல்தான் முட்டையிடுவேன் என்று அடம்பிடிக்கும் வரிக்கோழி. கீழே விழுந்த பொத்தான்களைப் பொறுக்கித் தின்னும் வெள்ளை. பிளாஸ்டிக்குக்குப் பின்னால் எல்லாம் ஒரே மங்கலாகத் தெரிந்தன. ஒரு பெயர்தான் எழுத முடியும். எழுதினாள். முத்து எழுத்து அந்த ஒரு சொல்லில் மட்டும் கோணிற்று.

அன்றிரவே மறுபடியும் அவசரக் கூட்டம். நொண்டியின் மேல் மூன்று குற்றச்சாட்டுகள். ஒன்று, மூச்சுப் பயிற்சியின்போது வாயை மூடிக்கொண்டிருந்தது. இரண்டு, சக கோழிகளின் கவனத்தைச் சிதறடித்தது. மூன்று, ஆலோசகர் வருகையின்போது முதுகைக் காட்டி எச்சமிட்டது.

"மூணாவதுக்கு நானே சாட்சி," என்றார் சொட்டு மேடம். "அன்னிக்கு லாவெண்டர் விடறப்போ, என் செருப்பு மேல."

குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பையும் கேட்பதுதான் முறை என்றார் கட்டில்காரர்களில் ஒருவர். நொண்டியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்கள். அது கண்ணை மூடி, மேசையில் தாடையைச் சாய்த்துக்கொண்டது.

"மௌனம் சம்மதம்," என்றார் ஏஜென்ட்.

மறு உத்தரவு வரும்வரை நொண்டி தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டு, தலைவரின் தங்கை பொறுப்பில் தையல் அறையில் காவலில் வைக்கப்பட்டது. தங்கை அறையின் இரண்டு ஜன்னல்களையும் அகலத் திறந்தாள். இறக்கைக்கு அடியில் இருந்த 'தன்னம்பிக்கை'யை ஈரத் துணியால் துடைத்தெடுத்தாள். கம்பவுண்டர் கொடுத்த மருந்தை அலகோரம் விட்டாள். அந்தச் சொட்டுகளுக்குத் தீர்மானம் எதுவும் இல்லை.

கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பார்கள். கழகம் மிதித்தால் என்ன ஆகும் என்று அந்தப் பழமொழியைச் சொன்னவர் யோசிக்கவில்லை. வெள்ளிக்கிழமை செத்தவை நான்கு. சனிக்கிழமை மூன்று.

"நச்சு முழுசா வெளியே போயிடுச்சு," என்றார் சொட்டு மேடம், கூட்டைப் பார்வையிட்டு.

"உயிரும் சேர்ந்து போயிருக்கே மேடம்," என்றாள் தங்கை.

"சில சமயம் ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிட்டு இருக்கும்."

தங்கை மதிலோரம் ஏழு குழி வெட்டினாள். கடைசிக் குழியை மூடும்போது அண்ணன் ஜன்னலில் இருந்து குரல் கொடுத்தார். "பாப்பா, மண்ணை நல்லாச் சமப்படுத்திடு. நாளைக்கு அங்கேதான் குரூப் போட்டோ."

ஞாயிற்றுக்கிழமை செயல்விளக்கம் திட்டமிட்டபடி நடந்தது. கோழி மட்டும்தான் இல்லை. அது ஒரு குறையாக யாருக்கும் படவில்லை. டிஃப்யூசரைக் கை மாற்றிக் கை மாற்றி எல்லாரும் முகர்ந்து, நெஞ்சு லேசாவதாகச் சொன்னார்கள். புகை நெடி தாங்காமல் ஏஜென்ட் எழுந்துபோய் ஹாலின் ஜன்னலைத் திறந்துவிட்டார். தலைவர் ஐம்பது நிமிடம் பேசினார். பேசி முடித்து, "பாப்பா, எழுதிக்கோ," என்று கண்ணை மூடித் தீர்மானத்தைச் சொல்லத் தொடங்கினார். நறுமணச் சிகிச்சை எதிர்பார்த்த பலனை முழுமையாக அளித்தது, எதிர்வரும் மாதம் அது அண்டைத் தெருக்களுக்கும் விரிவுபடுத்தப்படும், இன்னும் என்னென்னவோ.

தங்கை எழுதினாள். அவர் நிறுத்துவதற்கு வெகுநேரம் முன்பே அவள் நிறுத்திவிட்டாள். குறிப்பேட்டை அவர் முன் வைத்தாள். முத்து எழுத்தில், ஒரே ஒரு வாக்கியம்:

'கீழே கையொப்பமிட்டுள்ள நாங்கள், சளி பிடித்த ஒரு கோழியையும், எந்த நோயும் இல்லாத ஆறு கோழிகளையும், நல்லது செய்வதாகச் சொல்லி மூச்சு முட்ட வைத்துக் கொன்றோம்.'

வாரியத்தில் ஒரு நியதி உண்டு. படிப்பது கீழே இருப்பவர் வேலை, கையெழுத்துப் போடுவது மேலே இருப்பவர் வேலை. தலைவர் பக்கத்தைத் தூரப் பிடித்துப் பார்த்தார். "என்ன எழுத்து! அச்சு மாதிரி!" என்று சொல்லிப் பச்சை மையில் கையொப்பமிட்டு, தேதி போட்டு, முத்திரையும் குத்தினார். சொட்டு மேடம் தன் பெயருக்குக் கீழே சான்றிதழ் எண்ணையும் சேர்த்துக்கொண்டார். ஏஜென்ட் இரண்டு இடத்தில் போட்டார், பழக்கதோஷம். கட்டிலில் இருந்த மூவரும் முழங்காலில் வைத்துப் போட்டார்கள். பதினான்கு கையெழுத்து. ஒருவர்கூட விடுபடவில்லை.

தங்கை பேனாவை வாங்கி, பதினைந்தாவதாகத் தன் பெயரையும் எழுதினாள்.

"நீ ஏன் போடறே? நீ உறுப்பினர் இல்லையே," என்றார் அண்ணன்.

"இருக்கட்டும் அண்ணே. அந்த டப்பாவுக்குத் தினமும் தண்ணி ஊத்தினது நான்தானே."

அண்ணன் நெகிழ்ந்துபோனார். சபையைப் பார்த்துத் திரும்பினார். "பார்த்தீங்களா? இதுக்குப் பேர்தான் பொறுப்பு!"

பதினான்கு பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.