எருமைக்குப் பின்னால் நான்கு சூப்பர் கார்கள்

ஒரு காட்டில் தணிகாசலம் என்றொரு எருமை இருந்தார். காட்டு நீர்வாரியத்தில், குளங்கள் பிரிவில் கண்காணிப்பாளர் உத்தியோகம். குளத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று இறங்கிப் பார்க்க வேண்டும். இருந்தால் அப்படியே உட்கார்ந்துவிடுவார். லீவு கிடைத்தால் மனைவியை அழைத்துக்கொண்டு வேறு ஊர்க் குளத்துக்குப் போய் உட்காருவார்.

ஒருநாள் சேற்றில் கிடந்தபடி போனைத் தள்ளிக்கொண்டிருந்தபோது ஒரு விளம்பரம் வந்தது. ‘உங்களுக்குள் உறங்கும் வேகத்தை எழுப்புங்கள்! நிஜமான பந்தயத் தடத்தில் நீங்களே சூப்பர் கார் ஓட்டும் விடுமுறை!’

தணிகாசலம் யோசித்தார். தனக்குள் ஏதோ உறங்குகிறது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அது வேகமாகவும் இருக்கலாம் என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

மனைவி குணவதியிடம் சொன்னார். அவள் அசைபோடுவதை நிறுத்தினாள்.

“என்னங்க, வாசல்ல பஸ் வந்து நின்னா, நீங்க எந்திரிக்கிறதுக்குள்ள அது டிப்போவுக்கே போயிடுது. உங்களுக்கு எதுக்கு இதெல்லாம்?”

“அதனாலதான் குணா. ஒரே ஒரு தடவை, என்னைப் பார்த்து யாராவது ‘மெதுவாப் போங்க சார்’னு சொல்லணும்.”

குணவதிக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. “சரி, போலாம்” என்றாள்.

பந்தயத் தடத்தின் முதலாளி உலகநாதன் என்கிற உடும்பு. வாசலிலேயே வரவேற்று, உயிர் போனால் நிர்வாகம் பொறுப்பல்ல என்ற காகிதத்தில் குளம்பு ரேகை வாங்கிக்கொண்டார். பந்தய உடையின் ஜிப் தணிகாசலத்தின் தொப்பைக்குக் கீழேயே நின்றுவிட்டது. ஹெல்மெட் ஒரு கொம்பில் மட்டும் மாட்டியது. அதைத் தொங்கவிட்டுக்கொண்டே நடந்து போனார். குணவதி ஒரு போட்டோ எடுத்தாள். எடுத்ததைப் பார்த்துவிட்டு அழித்தாள்.

கார் சிவப்பாக, கூரையில்லாமல், தரையோடு தரையாகக் கிடந்தது. ஓட்டக் கற்றுக்கொடுக்க வந்தவன் பிரான்சிஸ் என்ற கீரி.

“அண்ணே, காருன்னு நினைக்காதீங்க. குளம்னு நினைச்சு பின்பக்கமா இறங்குங்க.”

இந்த ஒரு விஷயத்தில் தணிகாசலத்தை மிஞ்ச ஆளில்லை. சடாரென்று இறங்கிவிட்டார். சிக்கல் அதற்குப் பிறகுதான் வந்தது. அவர் குளம்பை வைத்தால் ஆக்சிலேட்டரும் பிரேக்கும் சேர்ந்தே அமுங்கின. கார் சிங்கம் மாதிரி உறுமியது, ஆமை மாதிரி நகர்ந்தது.

“அண்ணே, ஏதாவது ஒண்ணை மிதிங்க!”

“ஒண்ணைத்தான் தம்பி மிதிக்கிறேன். ரெண்டும் ஒண்ணாப் போகுது.”

முன்னால் போகிறவர் வழிவிட்டால் ஒழிய யாரும் முந்தக் கூடாது என்பது அங்கே சட்டம். சற்று நேரத்தில் அவருக்குப் பின்னால் நான்கு கார்கள் சேர்ந்துவிட்டன. முதலில் சிங்காரவேலு என்கிற சிறுத்தை. அவருக்குப் பின்னால் ஒரு காட்டுப்பன்றி, ஒரு மயில், ஒரு நரி. நால்வரும் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை.

தணிகாசலத்துக்கு ஹாரன் சத்தம் புதிதல்ல. வாழ்க்கை முழுக்க சாலையில் இலவசமாகக் கேட்டதுதான். டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து கேட்பதுதான் புதிது. காது மடல் சூடானது. அதுவும் ஒரு சிறுத்தையின் விடுமுறையைக் கெடுக்கிறோமே என்று கூசியது.

“தம்பி, ஓரம் கட்டிடலாம். பாவம், அவங்களாவது போகட்டும்.”

அடுத்த வளைவில் புல்தரையில் ஏற்றி நிறுத்தினார்கள். எதிரே நீளமான, நேரான, காலியான தடம். பிரான்சிஸ் எழுந்து நின்று, போங்க போங்க என்று கொடியசைத்தான்.

சிறுத்தையின் காரும் நின்றது. அதற்குப் பின்னால் பன்றி, மயில், நரி என்று வரிசையாக எல்லாம் நின்றன. ஹாரன்கள் அடங்கின. எங்கோ ஒரு குயில் கூவுவது கேட்டது.

சிங்காரவேலு தலையை நீட்டினார். “என்ன சார், நின்னுட்டீங்க?”

“உங்களுக்கு வழி விட்டேங்க. நீங்க முன்னாடி போங்க.”

“ஐயையோ, அதெல்லாம் மரியாதை இல்லீங்க. நீங்க பெரியவங்க. நீங்க போங்க.”

“எனக்கு வேகம் வராதுங்க.”

“யாரு உங்களை வேகமாப் போகச் சொன்னா?” சிறுத்தை குரலைத் தாழ்த்தினார். தணிகாசலம் அப்போதுதான் கவனித்தார். ஸ்டியரிங்கில் பதிந்த நகங்கள் அதன் தோலுறையைக் கிழித்து உள்ளே இறங்கியிருந்தன. “சார், சொந்தக் கால்ல எவ்வளவு வேகம்னாலும் ஓடிடுவேன். இதுல ஏறினாத்தான் பயமா இருக்கு. சம்சாரம் மேலே கேலரியில உட்கார்ந்து வீடியோ எடுக்குது. தயவுசெஞ்சு முன்னாடி போங்க சார்.”

பின்னால் இருந்த மூவரையும் தணிகாசலம் திரும்பிப் பார்த்தார். மூவரும் அவசரமாகக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் காரைத் திரும்பத் தடத்தில் இறக்கினார். உடனே பின்னால் நான்கு ஹாரன்களும் பழைய ஆவேசத்தோடு அலறத் தொடங்கின. இந்த முறை அவருக்குக் காது சுடவில்லை.

முடிந்ததும் எல்லாரும் கேண்டீனில் கூடினார்கள்.

“அந்த எருமை மட்டும் குறுக்கே இல்லேன்னா இருநூறைத் தொட்டிருப்பேன்!” என்றார் சிங்காரவேலு, மனைவிக்குக் கேட்கும்படியாக.

“இருநூறா? நான் பறந்தே போயிருப்பேன்” என்றது மயில்.

குணவதி கொம்பைத் தாழ்த்திக்கொண்டு எழுந்தாள். தணிகாசலம் அவள் வாலைப் பிடித்து உட்காரவைத்தார். “விடு குணா. சந்தோஷமா இருக்காங்க.”

முதலாளி உலகநாதன் நடுங்கிப்போயிருந்தார். இத்தனை பேரும் பணத்தைத் திருப்பிக் கேட்டால் என்ன செய்வது? ஆனால் அப்படி எதுவும் நடக்கவில்லை. நால்வரும் தனித்தனியாக அவர் அறைக்கு வந்தார்கள். அடுத்த மாதத்துக்கும் பதிவு செய்துகொண்டார்கள். போகும்போது ஆளுக்கொரு தடவை கதவருகே நின்று, “அந்த எருமை வருமில்ல?” என்று மெதுவாகக் கேட்டார்கள்.

உடும்பு பிடித்தால் விடுமா? சனி, ஞாயிறுகளில் முன்னால் ஓட்டும் வேலையைத் தணிகாசலத்துக்கே கொடுத்துவிட்டார். வீரர்கள் குவிந்தார்கள். சிங்கம்கூட ஒருமுறை வந்து, பின்னால் நின்று ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

இப்படியிருக்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை மரகதம் என்கிற மரவட்டை வந்தாள். ஓய்வுபெற்ற தையல் டீச்சர். பின்னாலிருந்து ஒரே ஒரு முறை விளக்கைச் சிமிட்டினாள். தணிகாசலம் பழக்கதோஷத்தில் ஓரம் கட்டி, அவளும் நின்றுவிடுவாள் என்று காத்திருந்தார்.

அவள் நிற்கவில்லை. பிரேக்குக்கு ஒரு காலும் ஆக்சிலேட்டருக்கு ஒரு காலும் போக, மிச்சமிருந்த அத்தனை கால்களாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஒரு சீறு சீறினாள். வளைவில் புகை மட்டும் நின்றது. தணிகாசலம் வாயைத் திறந்தபடி பார்த்தார். எத்தனையோ வாரமாக அந்தத் தடத்தில் ஊர்ந்தும், அது எதற்குப் போடப்பட்டது என்று அன்றைக்குத்தான் அவருக்குப் புரிந்தது. கண் கலங்கிவிட்டது.

மற்ற வீரர்களும் கலங்கித்தான் போனார்கள். “முந்தலாம்னு இப்போ எங்க வீட்டுல தெரிஞ்சுபோச்சே! இது குடும்பஸ்தன் வர்ற இடமா?” என்று உலகநாதனைச் சூழ்ந்துகொண்டார்கள். அன்று மாலையே வாசலில் பலகை ஏறியது: ‘எருமையை முந்துவது கண்டிப்பாகத் தடைசெய்யப்பட்டுள்ளது.’

அடுத்த வாரம் மரகதம் மறுபடி வந்தாள். அவளிடம் சொல்லும் பொறுப்பு தணிகாசலத்தின் தலையில் விழுந்தது.

“டீச்சர், மன்னிச்சுக்கணும். இங்க வேகமாப் போகக் கூடாதாம்.”

அவள் பலகையைப் படித்தாள். தடத்தைப் பார்த்தாள். “அப்போ வேகமாப் போகணும்னா நான் எங்கே போறது சார்?”

தணிகாசலம் நிதானமாக யோசித்தார். அவருக்கு அதுதான் வரும்.

“ரோட்டுல போங்க டீச்சர். அங்க யாரும் கேட்க மாட்டாங்க.”

நீதி: வேகமாகப் போகிறவர்களுக்குச் சாலை; வேகமாகப் போயிருப்போம் என்று சொல்லிக்கொள்கிறவர்களுக்குப் பந்தயத் தடம். இரண்டிலும் குறுக்கே ஓர் எருமை இருப்பது எல்லாருக்கும் நல்லது.